நாற்பது வருட மழையை ஒரே மூச்சில் ஏற்றுவது எப்படி?

கோத்தகிரிப் பக்கத்திலிருந்து ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியர் போன மாதம் போன் செய்தார். "தம்பி, ஒரு சந்தேகம். சின்ன விஷயமா இருந்தாலும் விளக்கமாச் சொல்லணும்" என்று ஆரம்பித்தார். அது சின்ன விஷயமே இல்லை. அதனால்தான் அந்தக் கேள்வியைக் கட்டுரையாகவே எழுதுகிறேன்.

அவர் ஊருக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டம். அதில் ஐந்து டிவிஷன்கள், டிவிஷனுக்கு ஒரு மழைமானி. தினமும் காலை எட்டரை மணிக்கு முந்தைய 24 மணி நேர மழையை அளந்து நோட்டில் எழுதி வைப்பது அங்கே பழக்கம். 1981 முதல் 2020 வரைக்குமான நோட்டுகள் ஒரு மர அலமாரியில் பூஞ்சணம் பிடிக்க ஆரம்பித்திருந்தன. ஆசிரியர் மாணவர்களைச் சேர்த்துக்கொண்டு இரண்டு கோடை விடுமுறைகளில் அத்தனையையும் தட்டச்சு செய்துவிட்டார். நாளுக்கு ஒரு வரி: தேதி, டிவிஷன் எண், மழை மில்லிமீட்டரில், கடைசியாக ஒரு குறிப்பு. இடையில் காற்புள்ளி. நாற்பது வருடத்தில் 14,610 நாட்கள். ஐந்து மழைமானிக்கு 73,050 வரிகள். மொத்தக் கோப்பும் இரண்டு, மூன்று மெகாபைட்தான். போனில் எடுக்கும் ஒரு படத்தின் அளவு.

இதைத் தரவுத்தளத்தில், அதாவது தேடவும் கூட்டவும் வசதியாக அட்டவணையாகச் சேமித்து வைக்கும் இடத்தில் ஏற்ற ஒரு பழைய மாணவர் சிறு நிரல் எழுதிக் கொடுத்தார். இரவு எட்டு மணிக்கு ஓடவிட்டது ஒன்பது தாண்டியும் ஓடிக்கொண்டிருந்தது. வெளியே ஆடிக் காற்று. எங்கேயோ மரம் விழுந்து கரண்ட் போனது. பேட்டரி செத்த பழைய மடிக்கணினி, அப்படியே அணைந்துவிட்டது. மறுநாள் திறந்து பார்த்தால் அதுவரை ஏறிய வரிகளில் ஒன்றுகூடக் கெடவில்லை. பாதிதான் ஏறியிருந்ததால் அந்த மாணவர் அதை அழித்துவிட்டு வேறு வழி சொன்னார்: கட்டளை வரியில் ஒற்றை வரி. பொத்தானைத் தட்டிய கையை எடுப்பதற்குள் முடிந்துவிட்டது.

"ஒரு மணி நேரம் தாண்டியும் முடியாத வேலை, கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள எப்படிப்பா முடியும்? ஏதாச்சும் விட்டுப்போயிருக்குமோன்னு பயமா இருக்கு."

அந்தப் பயம் நியாயமானது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் அடிப்படையைச் சட்டென்று சொல்லிவிடலாம். அவர் பயன்படுத்தியது எஸ்க்யூலைட். ரிச்சர்ட் ஹிப் 2000-இல் உருவாக்கிய தரவுத்தள மென்பொருள். உங்கள் போனிலும் அது இருக்கிறது. அதன் கறுப்புத் திரையில் கோப்பு காற்புள்ளி வகை என்று சொல்லிவிட்டு, புள்ளி வைத்து 'இம்போர்ட்' என்று தட்டி, கோப்பின் பெயரையும் அட்டவணையின் பெயரையும் கொடுத்தால் வரிவரியாகப் படித்து ஏற்றிக்கொள்ளும். வேறு தரவுத்தள மென்பொருள்களிலும் இது உண்டு: போஸ்ட்கிரெஸில் இதே வேலைக்கு 'காப்பி' என்ற கட்டளை, மைஎஸ்க்யூஎல்லில் 'லோட் டேட்டா'. மாணவரின் நிரலும் செய்தது அதே வேலைதான், வரியைப் படித்து ஏற்றுவது. ஒரே ஒரு வித்தியாசம்: அது ஒவ்வொரு வரிக்குப் பிறகும் 'கமிட்' என்றது.

கமிட் என்ற சொல்லுக்குப் பின்னால் இருக்கும் வேலையை முதன்முதலில் புரிந்துகொண்ட அன்று எனக்கு இரவு தூக்கம் வரவில்லை. 'இந்த வரி இனி நிரந்தரம், இந்த நொடியில் கரண்ட் போனாலும் இது இருக்க வேண்டும்' என்பது அதன் பொருள். இந்த வாக்கைக் காப்பாற்றுவது எவ்வளவு கடினம் என்று பாருங்கள். ஒரு நிரல் கோப்பில் எழுதினால் அது உடனே வட்டுக்குப் போவதில்லை. இயங்குதளம் அதை நினைவகத்தில் வாங்கி வைத்துக்கொண்டு, சாவகாசமாக வட்டில் எழுதும். அந்த இடைவெளியில் கரண்ட் போனால் எழுதியது போயிற்று. பாதி எழுதும்போது போனால் அதைவிட மோசம். பழையதும் இல்லாமல் புதியதும் இல்லாமல் கோப்பே குழம்பிவிடும்.

எஸ்க்யூலைட் இதைச் சமாளிக்கும் விதம் இது. தரவுத்தளக் கோப்பு பக்கம் பக்கமாகப் பிரிக்கப்பட்டிருக்கும், வழக்கமாகப் பக்கத்துக்கு 4,096 பைட். ஒரு பக்கத்தைத் திருத்தும் முன் அதன் பழைய வடிவத்தை ஜர்னல் என்ற தனிக் கோப்பில் நகலெடுக்கும். பிறகு இயங்குதளத்திடம் 'எஃப்சிங்க்' என்று கேட்கும். 'நீ நினைவகத்தில் வைத்திருப்பதையெல்லாம் வட்டில் இறக்கு, இறக்கி முடித்த பிறகு சொல், அதுவரை இங்கேயே நிற்கிறேன்' என்று அதற்கு அர்த்தம். அது முடிந்த பிறகே உண்மைக் கோப்பைத் திருத்தும். மறுபடி எஃப்சிங்க், மறுபடி காத்திருப்பு. எல்லாம் பத்திரமாக இறங்கியதும் ஜர்னலை அழித்துவிடும்.

ஜர்னல் அழியும் அந்தக் கணம்தான் கமிட்! அதற்கு ஒரு நொடிக்கு முன்னால் கரண்ட் போனால், அடுத்த முறை தரவுத்தளத்தைத் திறக்கும்போது ஜர்னல் அங்கே கிடக்கும். 'ஓ, பாதியில் விட்ட வேலை' என்று தெரிந்துகொண்டு, ஜர்னலில் இருக்கும் பழைய பக்கங்களை எடுத்து அவற்றின் இடத்திலேயே வைத்துவிடும். வேலை தொடங்கவே இல்லை என்பதுபோல ஆகிவிடும். அழிந்த பிறகு கரண்ட் போனால் கவலையே இல்லை, புதியது முழுமையாக இருக்கிறது. ஒரு கோப்பு இருக்கிறதா இல்லையா என்ற ஒரே கேள்வியில் மொத்தப் பாதுகாப்பும் நிற்கிறது. ஆசிரியரின் கணினி அணைந்தபோது அவருடைய வரிகளைக் காத்தது இதுதான். நீலகிரியில் மழைக்காலத்தில் கரண்டை நம்பி வேலை செய்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

ஆனால் இந்தப் பாதுகாப்புக்கு விலை நேரம். அந்த மடிக்கணினியில் இருப்பது சுழலும் வட்டு. நிமிடத்துக்கு 5,400 சுற்று என்றால் நொடிக்கு 90. எழுத வேண்டிய இடம் எழுதும் முனைக்குக் கீழே சுற்றி வரும்வரை காத்திருக்க வேண்டும். ஒரு கமிட்டுக்கு இரண்டே சுற்று என்று குறைத்துக் கணக்குப் போட்டாலும் நொடிக்கு 45 வரிதான் ஏறும், 73,050 வரிக்கு 27 நிமிடம். உண்மையில் ஜர்னலை உருவாக்க, இறக்க, அழிக்க என்று காத்திருப்பு இன்னும் கூடும். மணிக்கணக்கு ஆனதற்குக் காரணம் இதுதான். செயலி அந்த நேரத்தில் பெரும்பாலும் சும்மா நின்றிருக்கும். இன்றைய எஸ்எஸ்டியில் சுழலும் தட்டு இல்லை என்பதால் இதைவிடப் பல மடங்கு வேகம், ஆனாலும் எஃப்சிங்க் அங்கேயும் இலவசமில்லை.

இன்னொரு கொடுமையும் உண்டு. ஒரு மழை வரி சுமார் 30 பைட். ஒரு பக்கத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட வரிகள் அடங்கும். வரிக்கு ஒரு கமிட் என்றால் அதே பக்கத்தை நூறு தடவைக்கு மேல் வட்டில் எழுதுகிறோம், ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு வரி கூடியிருக்கும். போதாததற்கு, ஒவ்வொரு கமிட்டுக்கும் கோப்பின் முதல் பக்கத்தில், கோப்பு மாறியதைக் காட்ட இருக்கும் மாற்ற எண்ணையும் கூட்ட வேண்டும். அதற்கும் ஜர்னல், அதற்கும் காத்திருப்பு.

இம்போர்ட் கட்டளை இதைத்தான் மாற்றுகிறது. ஆரம்பத்தில் ஒரு 'பிகின்', எல்லா வரியும் ஏறிய பிறகு ஒரே ஒரு கமிட். பக்கங்கள் நினைவகத்தில் நிரம்புகின்றன, சில நூறு பக்கங்கள் மொத்தமாக இறங்குகின்றன, வட்டுக்காகக் காத்திருப்பது சில முறைதான். தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர்கள் இரண்டு இலையும் ஒரு மொட்டும் கிள்ளியவுடன் எடை போடும் இடத்துக்கு ஓடுகிறார்களா? பை நிறைந்த பிறகுதான் போகிறார்கள். பறிக்கும் கையின் வேகம் இரண்டு விதத்திலும் ஒன்றுதான், நடை மட்டும் மிச்சம். ஒரே கமிட் என்பதால் பாதியில் கரண்ட் போனால் ஒரு வரியும் ஏறியிருக்காது. ஒரு நொடி வேலைக்கு அது நஷ்டமே இல்லை, மறுபடி ஒருமுறை தட்டினால் போதும். எது ஏறியது, எது ஏறவில்லை என்று தேடும் தொல்லை இல்லாததால் இதுவே மேல் என்பேன்.

இங்கே கொஞ்சம் விலகிப் பேச வேண்டும். கொடைக்கானல் சூரிய ஆய்வகம் 1899-இல் அமைந்தது. அங்கே இருந்துதான் வானியலாளர் ஜான் எவர்ஷெட் 1909-இல் சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டார். அதே அளவு மதிப்புள்ள இன்னொரு சொத்தும் அங்கே உண்டு. 1904 முதல் எடுத்துச் சேர்த்த சூரியப் படத் தட்டுகள். இந்திய வான் இயற்பியல் நிறுவனம் அவற்றை எண்ணிமப்படுத்தியதால்தான் இன்று உலகில் எங்கிருந்தாலும் ஒருவர் நூறு வருடச் சூரியனை ஆராய முடிகிறது. பழைய ஏட்டைக் கணினியில் ஏற்றுவதை யாரும் ஆராய்ச்சி என்று எண்ணுவதில்லை, அதற்கு நிதி கேட்டால் முகம் சுளிக்கிறார்கள். எனக்கு இது தாங்கவில்லை. 2019 ஆகஸ்டில் நீலகிரியின் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை பெய்தபோது எல்லோரும் 'இப்படி முன்பு பெய்திருக்கிறதா?' என்றுதான் கேட்டார்கள். பதில் இந்த மலைத் தோட்டங்களின் அலமாரிகளில் பூச்சி அரித்துக்கொண்டு கிடக்கலாம். பஞ்சாங்கத்தில் இந்த வருடம் இத்தனை மரக்கால் மழை என்று போட்டிருப்பதை நம்புகிறவர்களிடமும் நான் சொல்வது இதைத்தான்: அந்தக் கணிப்பையும் வருடவாரியாக ஒரு கோப்பில் தட்டச்சு செய்யுங்கள், இந்த அட்டவணைக்குப் பக்கத்தில் ஏற்றுங்கள், ஒப்பிட்டுப் பாருங்கள். நான் பஞ்சாங்க மழையை நம்புவதில்லை. ஆனால் நம்பாததற்கும் கையில் கணக்கு வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஆசிரியரின் பயத்துக்கு வருவோம். முதலில் சராசரியைப் பார்க்கச் சொன்னேன். அவர் கையால் கூட்டி வைத்திருந்ததைவிட நாள் சராசரி குறைவாக வந்தது. காரணம் ஞாயிற்றுக்கிழமைகள். ஆள் வராத நாளில் நோட்டில் எழுதவில்லை, திங்களன்று இரண்டு நாள் மழையும் சேர்ந்து பதிவாகியிருக்கும். பிள்ளைகள் அந்த இடத்தைச் சரியாகவே காலியாக விட்டிருந்தார்கள். ஆனால் எஸ்க்யூலைட் காலியான இடத்தை 'தெரியாது' என்று எடுத்துக்கொள்வதில்லை, எழுத்தே இல்லாத ஒரு சொல்லாக ஏற்றுகிறது. சராசரி எடுக்கும்போது எண்ணாகத் தெரியாத சொல்லைப் பூஜ்யமாக எண்ணிவிடும். அளக்காத நாளெல்லாம் மழையில்லாத நாளாகிவிட்டது! காலி இடங்களை 'நல்' என்ற 'தெரியாது' குறியாக மாற்ற ஒரு கட்டளை போதும், மாற்றினார். அவர் கணக்கைப்போலவே, அளந்த நாட்களுக்கு மட்டுமான சராசரி வர வேண்டும்.

அப்போதும் கணக்கு முழுதாக ஒட்டவில்லை. "மொத்தம் எத்தனை வரி ஏறியிருக்குன்னு கேளுங்க சார்" என்றேன். 72,688 வந்தது. 362 நாட்களைக் காணவில்லை. எந்தப் பிழைச் செய்தியும் வரவில்லை.

மாதவாரியாக எண்ணினோம். குறைந்தவை எல்லாம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, கொஞ்சம் ஐப்பசி, கார்த்திகையில். கோப்பில் அப்படி ஓர் இடத்தைத் திறந்து வாசிக்கச் சொன்னேன். ஒரு ஜூலை மாதம், மூன்றாவது டிவிஷன், குறிப்புப் பத்தியில் 'பலத்த மழை'. அடுத்த நாள் குறிப்பில் இரண்டு சிறு கோடு, அதற்கடுத்த நாளும் அதே இரண்டு கோடு. நோட்டில் 'மேற்படி' என்பதற்கு நாம் எல்லோரும் போடும் குறி. பிள்ளைகள் அதை இரட்டை மேற்கோள் குறியாகத் தட்டச்சு செய்திருந்தார்கள்.

காற்புள்ளிக் கோப்பில் மேற்கோள் குறிக்குத் தனி அர்த்தம் உண்டு. ஒரு கட்டம் அந்தக் குறியோடு தொடங்கினால், மூடும் குறி வரும்வரை நடுவில் வருவது காற்புள்ளியானாலும் வரி முடிவானாலும் எல்லாம் அந்தக் கட்டத்துக்குள்தான். முதல் நாளின் 'மேற்படி' திறந்தது, அடுத்த நாளின் 'மேற்படி' மூடியது. நடுவில் இருந்த அடுத்த நாளின் தேதியும் மழை அளவும் முதல் நாளின் குறிப்புக்குள் விழுந்துவிட்டன. கட்டங்களின் எண்ணிக்கை நான்கு சரியாகவே இருந்ததால் மென்பொருள் குறை சொல்ல இடமில்லை. 'பலத்த மழை, மேற்படி, மேற்படி' என்று எழுதப்பட்ட நாட்கள், அதாவது எந்த நாட்களுக்காக இந்தக் கோப்பே முக்கியமோ அந்த நாட்கள்தான் காணாமல் போயிருந்தன.

மேற்கோள் குறியை எல்லாம் 'மேற்படி' என்ற சொல்லாகவே மாற்றி, பழைய அட்டவணையை அழித்து, மறுபடி ஏற்றினார். எண்ணிக்கையைக் கேட்டார். திரையில் வந்ததைப் போனில் ஒவ்வொரு இலக்கமாக வாசித்தார்: "ஏழு, மூணு, பூஜ்யம், அஞ்சு, பூஜ்யம்." புதிதாக ஏற்றியதால் காலி இடங்களை மறுபடி மாற்ற வேண்டியிருந்தது. அந்தக் கட்டளையை மெதுவாகச் சொல்லச் சொல்லி, ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார்.