ஹைபிறிட்: ஒட்டா, கலப்பினமா, முதற்கலப்பா?

மல்லாவியிலோ மாங்குளத்திலோ ஒரு விதைக்கடையில் கொஞ்ச நேரம் நின்றால் போதும், ‘ஹைபிறிட்’ என்ற சொல் மூன்று பொருளில் புழங்குவது காதில் விழும். மிளகாய் விதைப் பைக்கற்றைக் காட்டி “இது ஹைபிறிட், காய்ப்பு நல்லா இருக்கும்” என்பார் கடைக்காரர். நெல்லுக்கு வந்தவர் தன் வீட்டிலிருக்கும் பீ.ஜீ. 352 என்ற நெல்லையும் ஹைபிறிட் என்பார். மொட்டைக்கறுப்பன், பச்சைப்பெருமாள் போன்ற பழைய நாட்டு நெல் அல்லாத எதுவும் அவருக்கு ஹைபிறிட்தான். மூன்றாமவருக்கு அது மரபணுவை மாற்றின சாமான், உடம்புக்கு ஆகாது.

கடைக்காரர் சொன்னது மட்டுமே சரி. மற்ற இரண்டும் வெறும் பேச்சுப் பிழையாக நின்றுவிடுவதில்லை. வீட்டில் வைத்து விதைக்கக்கூடிய நெல்லை ஒவ்வொரு போகமும் காசுக்கு வாங்குகிறவரும், வைக்கக்கூடாத மிளகாய் விதையை எடுத்துவைத்து அடுத்த போகம் கெடுகிறவரும் இந்தக் குழப்பத்தால்தான் நட்டப்படுகிறார்கள். 2009 இடப்பெயர்வில் வீட்டு விதையெல்லாம் போய், கடைப் பைக்கற்றிலிருந்தே மறுபடி தொடங்கிய மண்ணில் இந்தச் சொல்லைத் தெளிவாக்குவது அவசர வேலை.

மூலச் சொல் லத்தீன் மொழியின் ‘ஹிப்ரிடா’. வளர்ப்புப் பெண்பன்றிக்கும் ஆண் காட்டுப்பன்றிக்கும் பிறந்த குட்டிக்கு அந்தப் பெயர், கி.பி. முதலாம் நூற்றாண்டில் உரோம எழுத்தாளர் பிளினி அதை எழுதியிருக்கிறார். இரவில் பன்றிக்குக் காவலிருக்கும் வன்னிக் கமக்காரருக்கு இந்தப் பொருளை விளக்கவே தேவையில்லை. உரோமருக்கும் பிறநாட்டாருக்கும் பிறந்த பிள்ளைக்கும் அதே சொல் வழங்கியது. பயிரியலில் அதை நிலைநிறுத்தியவர்களில் முக்கியமானவர் மெண்டல். 1866இல் அச்சான அவருடைய பட்டாணி ஆய்வின் தலைப்பே தாவரக் கலப்புகளைப் பற்றியது. வியாபாரச் சொல்லானது பிறகு. 1926இல் அமெரிக்காவில் ஹென்றி வாலஸ் சோளன் விதைக்காகத் தொடங்கிய நிறுவனத்தின் பெயரிலேயே ‘ஹை-பிரெட்’ இருந்தது. உயர்ந்த பிறப்பு என்றும் காதில் விழும் பெயர் அது.

ஹைபிறிட் விதைப் பைக்கற்றில் உள்ள ‘எஃப் 1’ என்பதற்கும் லத்தீன்தான் வேர். ‘ஃபிலியுஸ்’ என்றால் மகன், ‘ஃபிலியா’ என்றால் மகள். எஃப் 1 என்பது பெற்றோரின் நேர் பிள்ளைத் தலைமுறை. அவ்வளவுதான், தரச் சான்றிதழ் அல்ல.

அந்தப் பிள்ளையை எப்படி உண்டாக்குகிறார்கள் என்பதை மிளகாயில் பார்க்கலாம். நாளைக் காலை விரியப்போகும் மொட்டை இன்று மாலை தெரிவுசெய்ய வேண்டும்: வெள்ளை இதழ் வீங்கி, இன்னும் வாய்திறக்காத மொட்டு. நுனி கூரான இடுக்கியால் இதழை நீக்கினால் நடுவில் மகரந்தத்தை ஏற்கும் குறியைச் சுற்றி ஐந்தாறு மகரந்தக்கூடுகள் நிற்கும். அவை வெடிக்கும் முன்பே ஒன்றுவிடாமல் கிள்ளியெடுக்க வேண்டும். ஒன்று தப்பினாலும் அந்தக் காயில் தாயின் சொந்த விதை கலந்துவிடும். மறுநாள் காலை, தந்தை வரிசையில், அதாவது தந்தையாக வளர்க்கும் செடிகளில், எடுத்த மகரந்தத்தைக் குறியில் தொட்டு, காம்பில் நூல் கட்டி மூடிவிடுவார்கள். ஒவ்வொரு பூவுக்கும் கை வேலை. பைக்கற்றின் விலையில் பெரும்பகுதி இந்தக் கூலி. மிளகாயில் ஒரு பூவுக்குப் பல விதை கிடைப்பதால் கட்டுப்படியாகிறது. நெல்லில் ஒரு பூவுக்கு ஒரு மணிதான்; அதனால் மகரந்தம் உண்டாகாத தாய் வரிசையை வளர்த்து, பக்கத்தில் தந்தை வரிசையை நட்டு, காற்றை நம்பி விதை எடுக்கிறார்கள். அதைச் சீனாவில் 1970களில் வயலுக்குக் கொண்டுவந்தவர் நெல் விஞ்ஞானி யுவான் லோங்பிங்.

எஃப் 1 செடியில், பெற்றோர் வேறுபடும் பரம்பரையலகு (மரபணு) ஒவ்வொன்றிலும் தாயினதும் தந்தையினதும் கூடவே நிற்கும். செடிக்குச் செடி வித்தியாசமே இராது. வயல் ஒரே மட்டமாக எழும்பும், வீரியமும் கூடும். அந்தச் செடி தன் மகரந்தத்தாலேயே காய்த்தால் அடுத்த தலைமுறையில் இந்தக் கலப்புநிலை பாதியாகும்: 100 வீதம் 50 ஆகும், பிறகு 25, 12.5, 6.25, ஆறாம் தலைமுறையில் ஏறக்குறைய 3 வீதம்.

இந்தக் கணக்கில்தான் எல்லாமே இருக்கிறது. எஃப் 1 செடியிலிருந்து விதை வைத்தால் இரண்டாம் தலைமுறையில் செடிகள் தம்முள் பிரிந்துபோகும்: ஒன்று நெட்டை, ஒன்று குட்டை, ஒன்று முந்திக் காய்க்கும், ஒன்று நோய்க்கு விழும். ‘ரெட் லேடி’ பப்பாசிப் பழத்திலிருந்து விதை எடுத்து நடுகிறவர்களுக்கு இது தெரியும். பக்கத்து வளவில் நாட்டுப் பப்பாசி ஆண்மரம் நின்றிருந்தால், நட்டவற்றில் ஒரு பங்கு காய்க்காத ஆண்மரமாகவே வரும். அது பூத்த பிறகுதான் தெரியும், அதற்குள் மாதக்கணக்கில் தண்ணீரும் பசளையும் போயிருக்கும். விதைக் கம்பனிக்குச் சட்டப் பூட்டே தேவையில்லாமல் போவதும் இதனால்தான். பெற்றோர் வரிசை அவர்கள் கையில். ஒவ்வொரு போகமும் நாம் கடைக்குத்தான் போகவேண்டும்.

அதே கணக்கைப் பொறுமையாகத் தொடர்ந்தால் வேறு பலன் கிடைக்கும். ஆறு, ஏழு தலைமுறை நல்ல செடியை மட்டும் தெரிந்தெடுத்துக்கொண்டே வந்தால் கலப்புநிலை தீர்ந்து, விதைத்தது விதைத்தபடி வரும் நிலையான பேதம், அதாவது பயிர் வகை, கிடைக்கும். 1958இல் பத்தலகொட நெல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த எச். 4 நெல் அப்படிப் பிறந்தது. முருங்கக்காயன் 302க்கும் ‘மாஸ்’ நெல்லுக்கும் செய்த கலப்பு. முன்னால் நிற்கும் எச் கலப்பைக் குறித்தாலும், விதை நிலையானது. பீ.ஜீ. 407எச் என்பதில் பின்னால் நிற்கும் எச் வேறு: அது உண்மையான எஃப் 1 நெல். ஒரே எழுத்து, எதிர் விளைவு. (பீ.ஜீ. என்றால் பத்தலகொட, ஏ.ரீ. என்றால் அம்பலாந்தோட்டை, பீ.ஜீ. 300 மூன்று மாத நெல், 352 மூன்றரை மாதம்.)

ஆகவே பீ.ஜீ. 352, ஏ.ரீ. 362 போன்றவற்றை வீட்டில் விதையாக வைக்கலாம். நெல்லில் அயல் மகரந்தம் சேர்வது 1 வீதத்திலும் குறைவு. விதையைக் கெடுப்பது மகரந்தமல்ல, மெசின். முந்தின வயல் நெல் அறுவடை மெசினுக்குள் தங்கியிருக்கும். முதலில் இறங்கும் சில மூட்டைகளைச் சாப்பாட்டுக்கு ஒதுக்கி, வயலின் நடுப்பகுதியை விதைக்கு எடுக்க வேண்டும். பூக்கும்போது ஒரு தடவையும் அறுவடைக்கு முன் ஒரு தடவையும் உயரம், கதிர், நிறம் மாறி நிற்பவற்றையும் களைநெல்லையும் பிடுங்க வேண்டும். 13 வீத ஈரப்பதத்துக்குக் காயவைத்துச் சேமித்தால் இரண்டு, மூன்று போகம் தாங்கும். பிறகு சான்றுபடுத்திய விதைக்கு மாறுவது நல்லது.

மரபணு மாற்றம் இவற்றில் எதுவுமல்ல. அது ஆய்வுகூடத்தில் ஒரு பரம்பரையலகைப் புகுத்தும் உயிர்த்தொழினுட்பம். இலங்கையில் அத்தகைய உணவின் இறக்குமதி, விற்பனை, பெயர்ச்சிட்டை பற்றிய ஒழுங்குவிதி 2007 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது.

இனித் தமிழ்ச் சொல். கலப்புப் பிறவிக்குத் தமிழில் பழைய பெயரே உண்டு: கோவேறு கழுதைக்கு ‘வேசரி’. ஆனால் அது விலங்கோடு நின்றுவிட்டது. தமிழ்நாட்டில் எஃப் 1 விதையை ‘வீரிய ஒட்டு’ என்கிறார்கள். வீரியம் சரி, ‘ஒட்டு’ எங்களுக்கு ஒத்துவராது. வன்னியில் ஒட்டு என்றால் ஒட்டுமாங்கன்று: ஒரு மரத்தின் கிளையை இன்னொன்றின் அடியில் பொருத்துவது. அங்கே உடல் ஒட்டுகிறது, பிறப்பு கலப்பதில்லை. ‘கலப்பு விதை’ என்று வெறுமனே சொன்னாலும் ஆபத்து. விதைநெல் வாங்குகிறவர் காதில் அது வேறு நெல் கலந்த மூட்டை, அதாவது குறை. ‘கலப்பினம்’ பொதுச் சொல்லாக நிலைத்துவிட்டது, மாட்டுக்கும் அதுவே. எங்கள் பாடநூலில் இனம் வேறு, பேதம் வேறு என்பதால் நுணுக்கமாகப் பார்த்தால் ‘கலப்புப் பேதம்’ பொருந்தும். ஆனாலும் வழக்கை மாற்ற அது போதிய காரணமில்லை.

பொதுப்பேச்சில் கலப்பினம் இருக்கட்டும். கடையிலும் வயலிலும் இரண்டு சொல் வேண்டும்: எஃப் 1க்கு ‘முதற்கலப்பு விதை’, எச். 4, பீ.ஜீ. வகைகளுக்குத் ‘தேர்வுப் பேதம்’. முதல் என்ற அடை, இரண்டாவது வேறாகிவிடும் என்பதையும் சொல்லிவிடுகிறது. வீட்டில் விதைமூட்டை கட்டும்போது வாய்க்குள் ஒரு அட்டை போடுங்கள்: “பீ.ஜீ. 352, தேர்வுப் பேதம், வீட்டு விதை, இரண்டாம் போகம்.” முதற்கலப்பு மிளகாயில் எஞ்சிய பைக்கற்றுக்கு வாங்கிய திகதியும் முளைதிறனும் எழுதினால் போதும், மருந்து பூசிய நிற விதையாக இருந்தால் கோழி எட்டாத இடத்தில் வையுங்கள்.