‘சமூகம் சார்ந்த மறுவாழ்வு’ வேண்டாம், தேற்றுப்பணி போதும்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் மாற்றுத்திறனாளிகளுக்கு முகாம் என்றால் பந்தலில் கட்டிய பேனரில் ‘சமூகம் சார்ந்த மறுவாழ்வுத் திட்டம்’ என்றே இருக்கிறது. துண்டறிக்கையிலும் அதுதான், பயிற்சிக் கையேட்டிலும் அதுதான். பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வரும் தாய் அதைப் படித்துவிட்டு, “எந்தச் சமூகத்துக்குங்க?” என்று கேட்டால் அவர் மேல் பிழையில்லை. நம் பேச்சில் சமூகம் என்றால் சாதி. கம்யூனிட்டி சர்டிபிகேட் என்று தாலுகா ஆபீசில் வாங்குவதே சாதிச் சான்றிதழ்தானே! எல்லாருக்கும் பொதுவான ஒரு பணிக்குத் தலைப்பிலேயே சாதி வாடை அடிக்கும்படி எழுதியது மொழிபெயர்த்தவரின் குற்றம்.

ஆங்கில மூலம் இதுதான்: கம்யூனிட்டி பேஸ்டு ரீஹாபிலிடேஷன். லத்தீனில் ‘ஹாபிலிஸ்’ என்றால் ஏற்றது, வல்லது. ‘ரீ’ என்றால் மறுபடி. இழந்த பதவியையும் உரிமையையும் திருப்பித் தருவதைக் குறித்த சொல், முதல் உலகப் போரில் உறுப்பிழந்து திரும்பிய வீரர்களை ஒட்டி மருத்துவத்தில் பரவியது. ‘கம்யூனிட்டி பேஸ்டு’ என்ற அடைமொழி, அடிப்படை மருத்துவம் எல்லாருக்கும் கிடைக்க வேண்டும் என்ற 1978 அல்மா ஆட்டா அறிக்கைக்குப் பின் உலக சுகாதார நிறுவனத்தின் வழியாக நிலைத்தது. ஆளை நகரத்து நிலையத்துக்கு அலையவிடாமல், வீட்டிலும் தெருவிலும் உள்ளூர்ப் பள்ளியிலும் வீட்டாரைக் கொண்டே பயிற்சி தருவது என்று பொருள்.

இனி ‘மறுவாழ்வு’. மறுமணம், மறுதேர்வு, மறுகூட்டல் எல்லாவற்றிலும் முன்னால் ஒன்று நடந்து முடிந்திருக்கிறது. விபத்தில் கால் போனவருக்கு அதைச் சொன்னால்கூட ஒருவாறு ஒப்பலாம். மூளை முடக்குவாதத்தோடு பிறந்த ஒன்றரை வயதுக் குழந்தைக்கு முந்திய வாழ்வு எது, மறுவாழ்வு எது? அந்தக் குழந்தை கழுத்து நிற்கவும் உட்காரவும் முதன்முதலாகப் பழகுகிறது. 2006இல் ஐ.நா. ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 26ஆம் பிரிவு இதை உணர்ந்து, ‘ஹாபிலிடேஷன்’ (புதிதாகப் பெறுவது), ‘ரீஹாபிலிடேஷன்’ (இழந்ததை மீட்பது) என்று இரண்டையும் தனித்தனியே சொல்கிறது. இந்தியா 2007இல் அதை ஏற்றுக்கொண்டது. தமிழில் எழுதியவர்கள் இரண்டையும் ஒரே மறுவாழ்வில் அடைத்துவிட்டார்கள்.

அந்தச் சொல்லுக்கு வேறு சுமைகளும் உண்டு. குடிபோதை மறுவாழ்வு மையம் என்கிறோம். இலங்கைத் தமிழர் அகதிகள் முகாம் 2021இல் மறுவாழ்வு முகாம் ஆனது. பலகையைப் பார்த்து உள்ளே என்ன நடக்கிறது என்று ஊகிக்க முடியாது. அதைவிட மோசம், இப்போது அவர் வாழ்வது வாழ்வே இல்லை என்று சொல்லாமல் சொல்கிறது. இலங்கையில் வழங்கும் ‘புனர்வாழ்வு’ இதற்கே வடமொழிச் சட்டை. தூய தமிழில் ‘இயலாக்கம்’ என்று சொல்லிப் பார்க்கலாம். எழுத்தில் இயல்+ஆக்கம். வாய்விட்டுச் சொன்னால் ‘இயலா’ என்றல்லவா முதலில் காதில் விழுகிறது? இயலாமையை நீக்கும் பணிக்கு அந்தப் பெயர் ஆகாது. ‘திறன் மேம்பாடு’ தையல், கணினி வகுப்புகளுக்குப் போய்விட்டது.

வீட்டில் நாம் என்ன சொல்கிறோம்? “காய்ச்சல் விட்டு ஆள் தேறிட்டாரு.” “குறைமாசத்துல பிறந்த பிள்ளை, இப்பத்தான் தேறி வருது.” முதலாமவர் இழந்ததை மீட்டவர், அந்தக் குழந்தையோ இதுவரை இல்லாததைப் பெறுகிறது. ஒரே சொல் இரண்டையும் தாங்குகிறது. மாறு-மாற்று, ஏறு-ஏற்று போலத் தேறு-தேற்று. சித்த மருத்துவத்தில் உடலுக்கு வலுவூட்டும் மருந்து ‘உடல்தேற்றி’. ஊரணித் தண்ணீர் கலங்கியிருந்தால் பானையின் உட்புறம் தேற்றாங்கொட்டையை உரசிவிட்டுத் தண்ணீரை ஊற்றுவோம், சில மணி நேரத்தில் மண் அடியில் படியும். அதுவும் இதே தேற்றுதான். தேற்றுதல் என்றால் ஆறுதல் சொல்வதல்லவா என்று கேட்பார்கள். அது மனத்தைத் தேற்றுவது. ‘பணி’ சேர்ந்து தேற்றுப்பணி ஆனால் அந்தக் குழப்பம் வராது.

‘சமூகம் சார்ந்த’ என்பதற்கு ‘ஊர்’. ஊர் என்றும் காலனி என்றும் பிரித்துப் பேசும் வழக்கம் இருப்பதால் இந்தச் சொல்லிலும் குறை உண்டு, மறைக்க வேண்டாம். ஆனால் சொந்த ஊர் எது என்றால் எந்தத் தெருக்காரரும் ஒரே பெயரைத்தான் சொல்வார். ஆகவே ஊர்த் தேற்றுப்பணி.

சொல் சரியாக இருந்தால் வேலையும் எங்கே நடக்க வேண்டும் என்று தெரியும். ஒன்றரை அடி உயரத் திண்ணைக்குச் சாய்தளம் போட வேண்டுமானால் ஓர் அங்குல உயரத்துக்கு ஓர் அடி நீளம் என்ற கணக்கில் 18 அடி வேண்டும். இடம் போதாதென்று ஆறடியில் முடித்துவிடுகிறார்கள். சக்கர நாற்காலி ஏறும்போது பின்பக்கம் சாய்கிறது, இறங்கும்போது ஆளை முன்னே தள்ளுகிறது. நேராக இடமில்லை என்றால் நடுவில் சமதளம் விட்டுத் திருப்பிப் போடலாம். மேலே வழவழப்பான ஆத்தங்குடித் தரைக்கல் பதிக்கவே கூடாது, ஈரம் பட்டால் வழுக்கும். சிமெண்டைச் சொரசொரப்பாக விட்டுக் குறுக்கே கோடு கீற வேண்டும். நடை பழக முற்றத்தில் இரண்டு சவுக்குக் கம்புகள் போதும். தொங்கவிட்ட கையின் மணிக்கட்டு மட்டத்தில் உயரம், இடுப்புக்கு இரு புறமும் இரண்டங்குல இடைவெளி. கால் கம்பங்களில் இரண்டங்குலத்துக்கு ஒரு துளை விட்டால் பிள்ளை வளர வளர உயர்த்திக்கொள்ளலாம். ஆணி அடித்து நிரந்தரமாக்கினால் விரைவிலேயே பிள்ளை கூன் போட்டுப் பிடிக்க வேண்டிவரும்.

முகாம்களில் சொல்லும் ‘வாழ்வாதார உதவி’யும் இப்படித்தான். கேட்பவர் காதில் அது ஒருமுறை கொடுக்கும் பணம். ஊர்த் தேற்றுப்பணிக்கான உலக சுகாதார நிறுவனத்தின் 2010 வழிகாட்டி, வாழ்வாதாரம் என்ற பகுதியில் தொழிற்பயிற்சி, சொந்தத் தொழில், கூலி வேலை, கடனும் சேமிப்பும், சமூகப் பாதுகாப்பு என ஐந்தைச் சொல்கிறது. ‘பிழைப்பு’ என்ற நம் சொல் இவற்றைத் தாங்கும். பிழைப்புவாதி என்ற வசைக்குப் பயந்து நல்ல சொல்லை விட வேண்டியதில்லை.

பிழைப்பு என்று நினைத்தால், காலில் வலுவில்லாதவருக்கு மிதி தையல் மிஷினைக் கொடுத்துப் படம் எடுத்துவிட்டுப் போக மனம் வராது, மோட்டார் பொருத்தியதா என்று பார்ப்போம். கொட்டான் என்ற ஓலைக்கூடை முடைவது உட்கார்ந்தே செய்யும் வேலை, ஆனால் அடிப்பின்னலுக்கு இரண்டு கையும் வேண்டும். ஒரு கை வலுவற்றவருக்கு அடியை இன்னொருவர் முடைந்து, பலகையில் பாரம் வைத்து அமுக்கிக் கொடுத்தால் சுவரை அவர் எழுப்பலாம். இதில் கூலியைக் கொட்டான் கணக்கில் கொடுத்தால் சண்டை வரும், அடிப்பின்னலுக்கு இவ்வளவு, சுவருக்கு இவ்வளவு என்று முன்பே பேசிவிட வேண்டும். ஓலையை ஈரத்துணியில் சுற்றியே வைத்திருக்க வேண்டும். காய்ந்துவிட்டால் மடிக்கும் இடத்தில் முறியும். ஒற்றைக் கையால் முடைபவருக்கு முறிந்த ஓலையை எடுத்து மாற்றுவதுதான் ஆகச் சிரமமான வேலை.