மோதிரத்தை எண்ணினால் போதுமா? குவார்ட்டர்பேக் தரவரிசைக்குப் பின்னால் உள்ள கணக்கு

2018 பிப்ரவரியில் மினியாபொலிஸில் நடந்த, அமெரிக்கக் கால்பந்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌலில், நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் அணியின் குவார்ட்டர்பேக், அதாவது பந்தை வீசித் தாக்குதலை நடத்தும் வீரர், டாம் பிரேடி தன் வீச்சுகளால் 505 கெஜம் சேர்த்தார். சூப்பர் பௌல் வரலாற்றில் அதுவரை யாரும் தொடாத எண் அது. ஆறு புள்ளி தரும் டச்டவுன் வீச்சுகள் மூன்று வேறு. வீச்சுகளில் எதிரணி இடையில் பறித்தது ஒன்றுகூட இல்லை. பேட்ரியட்ஸ் 33-41 என்று தோற்றது. அடுத்த ஆண்டு அட்லாண்டாவில் அதே பிரேடி 262 கெஜம் சேர்த்தார். டச்டவுன் வீச்சு ஒன்றும் இல்லை. ஒரு பந்தைப் பறிகொடுத்தார். பேட்ரியட்ஸ் 13-3 என்று வென்றது. கோப்பை வெல்லும் அணியின் வீரர்களுக்கு மோதிரம் தருவது அங்கே வழக்கம். இந்த இரண்டில் பிரேடி சுமாராக ஆடிய போட்டிக்குத்தான் மோதிரம் கிடைத்தது.

எல்லாக் காலத்துக்கும் சிறந்த குவார்ட்டர்பேக் யார் என்ற சண்டை அமெரிக்காவில் ஓய்ந்ததே இல்லை. அதில் முதலில் வீசப்படும் ஆயுதம் மோதிரக் கணக்குதான். எளிதாக இருப்பதால் அது பிழைத்திருக்கிறது என்பது என் எண்ணம். களத்தில் ஒரு பக்கத்துக்கு 11 பேர். அணி தாக்கும்போது குவார்ட்டர்பேக் உள்ளே இருக்கிறார். எதிரணி தாக்கும்போது ஓரத்தில் உட்கார்ந்து பார்க்கிறார். முதல் போட்டியில் விட்டுக்கொடுத்த 41 புள்ளிகளையும் இரண்டாவதில் விட்டுக்கொடுத்த மூன்றே புள்ளிகளையும் முடிவு செய்தது பெரும்பாலும் அவர் ஆடாத நேரம்.

ஆட்டத்தின் அடிப்படை இதுதான். களத்தின் நீளம் 100 கெஜம். தாக்கும் அணிக்கு நான்கு முயற்சிகள். அதற்குள் பத்து கெஜம் முன்னேறினால் மறுபடி நான்கு முயற்சிகள். பந்தைக் கடைசி எல்லைக்குள் சேர்த்தால் டச்டவுன், ஆறு புள்ளிகள். ஏறக்குறைய ஒவ்வொரு நகர்விலும் பந்து முதலில் குவார்ட்டர்பேக்கின் கைக்கு வரும். வீசுவதா, பக்கத்தில் ஓடுபவரிடம் கொடுப்பதா, தானே ஓடுவதா என்று இரண்டு மூன்று விநாடிகளில் அவர் முடிவெடுக்க வேண்டும்.

இந்த முடிவுகளை ஒரே எண்ணாகச் சுருக்கும் சூத்திரத்தை தேசியக் கால்பந்து லீக் 1973இல் ஏற்றுக்கொண்டது. நூற்றில் எத்தனை வீச்சுகள் தன் அணி வீரரின் கைக்குச் சேர்ந்தன, ஒரு வீச்சுக்குச் சராசரியாக எத்தனை கெஜம், நூற்றுக்கு எத்தனை டச்டவுன், எத்தனை எதிரணியிடம் பறிபோயின என்ற நான்கையும் அது பார்க்கும். 50 சதவீத வீச்சு சேர்வது, வீச்சுக்கு ஏழு கெஜம், 5 சதவீத டச்டவுன், 5.5 சதவீத இழப்பு ஆகியவை அன்றைய நடுத்தர ஆட்டம் என்று வைத்து, ஒவ்வொன்றுக்கும் 1 மதிப்பெண். எந்த அம்சத்திலும் 2.375க்கு மேல் கிடையாது, பூஜ்யத்துக்குக் கீழும் இல்லை. நான்கையும் கூட்டி, ஆறால் வகுத்து, நூறால் பெருக்கினால் மதிப்பீடு கிடைக்கும். நடுத்தர ஆட்டத்துக்கு 66.7, உச்ச வரம்பு 158.3.

நூற்றுக்கு நூறு என்று முடியாமல் 158.3 என்று முடியும் ஓர் அளவுகோலைப் பார்த்தாலே கொஞ்சம் சந்தேகம் வர வேண்டும். அதன் வேடிக்கை அதோடு நிற்கவில்லை. ஒருவர் போட்டி முழுவதும் ஒவ்வொரு பந்தையும் தரையில் எறிகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வீச்சும் சேரவில்லை. ஆனால் எதுவும் பறிபோகவும் இல்லை. கடைசி அம்சத்துக்கு முழு 2.375 கிடைத்துவிடும். மதிப்பீடு 39.6. துணிந்து வீசி இரண்டு மூன்று பந்துகளைப் பறிகொடுப்பவர் இதைவிடக் கீழே போக வாய்ப்புண்டு. பந்தோடு மடக்கி வீழ்த்தப்படுவது இந்தக் கணக்கில் சேராது. ஓடி எடுத்த கெஜமும் சேராது. இரண்டு பருவங்களில் ஆயிரம் கெஜத்துக்கு மேல் ஓடிய முதல் குவார்ட்டர்பேக்கான லமார் ஜாக்சன் இந்தச் சூத்திரத்தின் கண்ணில் பாதி ஆள்தான்.

இதைவிட நல்ல யோசனை சூத்திரம் பிறப்பதற்கு முன்பே வந்துவிட்டது. அதைக் கொண்டுவந்தவரும் ஒரு குவார்ட்டர்பேக் என்பதுதான் எனக்குப் பிடித்த செய்தி. சின்சினாட்டி பெங்கால்ஸ் அணிக்காக ஆடிய வர்ஜில் கார்ட்டர், ராபர்ட் மேக்கால் என்ற பேராசிரியருடன் சேர்ந்து 1971இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். 1969 பருவத்தின் ஆட்டப் பதிவுகளை எடுத்துக்கொண்டு, களத்தின் ஒவ்வொரு பகுதியிலும் நான்கு முயற்சிகளில் முதலாவது தொடங்கும்போது, அடுத்து புள்ளி எடுப்பது எந்த அணி, எத்தனை புள்ளி என்று சராசரி பார்த்தார்கள். சொந்த எல்லையை ஒட்டிப் பந்து இருந்தால் அந்தச் சராசரி பூஜ்யத்துக்குக் கீழே போகிறது; அதாவது பந்து உங்களிடம் இருந்தாலும் அடுத்த புள்ளியை எதிரணி எடுக்கவே வாய்ப்பு அதிகம். எதிரணியின் எல்லையை நெருங்கும்போது அது ஆறு புள்ளிகள் வரை ஏறுகிறது.

இன்றைய ஆய்வாளர்கள் இதை எதிர்பார்ப்புப் புள்ளி என்ற அளவாக வளர்த்திருக்கிறார்கள். நகர்வுக்கு முன் இருந்த எதிர்பார்ப்பு எவ்வளவு, பின் எவ்வளவு என்பதுதான் கேள்வி. வித்தியாசம் அந்த நகர்வின் மதிப்பு. மூன்றாவது முயற்சி, இன்னும் 12 கெஜம் வேண்டும் என்ற நிலையில் எட்டு கெஜம் வீசினால் பழைய சூத்திரம் பாராட்டும். ஆனால் அணிக்கு அது நட்டம். பெரும்பாலும் பந்தை உதைத்து எதிரணியிடம் அனுப்ப வேண்டியதுதான். இரண்டு கெஜம் வேண்டிய இடத்தில் மூன்று கெஜம் வீசினால் சூத்திரம் அதை அந்த எட்டு கெஜத்தைவிடக் குறைவாக மதிக்கும், ஆனால் எதிர்பார்ப்புப் புள்ளி ஏறும். வீழ்த்தப்படுவதும் ஓட்டமும் இதில் இயல்பாகவே அடங்கிவிடுகின்றன. குறை ஒன்று உண்டு. பெரும்பாலான ஆய்வாளர்கள் கையாளும் நகர்வுவாரிப் பதிவுகள் 1999 பருவத்திலிருந்து தொடங்குகின்றன. அதற்கு வெகுகாலம் முன்பு ஆடிய ஜானி யூனிடஸையோ ஓட்டோ கிரஹாமையோ இந்தத் தராசில் ஏற்ற வழியில்லை.

இவ்வளவு செய்தபிறகும் நாம் அளந்தது ஒரு மனிதரையா, 11 பேரையா? இப்போது வீரர்களின் தோள் கவசத்தில் சில்லுகள் இருக்கின்றன. விநாடிக்குப் பத்து முறை அவர்களின் இடம் பதிவாகிறது. பந்து எவ்வளவு தூரம் போக வேண்டும், வீச்சைப் பிடிக்க ஓடும் ரிசீவரின் அருகே தடுப்பவர் எத்தனை கெஜத்தில் இருக்கிறார் என்பதைக் கொண்டு ஒவ்வொரு வீச்சும் சேர்வதற்கான நிகழ்தகவைக் கணக்கிடுகிறார்கள். கடினமான வீச்சுகளை எதிர்பார்த்ததைவிட அதிகம் சேர்ப்பவருக்கு மதிப்பு கூடுகிறது.

வரலாறும் சில சோதனைகளைத் தானாகவே நடத்திக் காட்டியிருக்கிறது. 2007 பருவத்தின் 16 லீக் ஆட்டங்களையும் பிரேடியின் பேட்ரியட்ஸ் வென்றது. 2008இன் முதல் ஆட்டத்திலேயே அவருக்கு முழங்காலில் காயம். உயர்நிலைப் பள்ளிக்குப் பிறகு எந்த ஆட்டத்தையும் குவார்ட்டர்பேக்காகத் தொடக்கத்திலிருந்து ஆடியிராத மேட் கேசல் அவர் இடத்துக்கு வந்தார். அணி 11 வெற்றி, 5 தோல்வி. பேட்டன் மேனிங் 2011 பருவம் முழுவதும் கழுத்து அறுவை சிகிச்சையால் ஆடவில்லை. முந்தைய ஆண்டு பத்து ஆட்டங்களை வென்ற இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் இரண்டை மட்டும் வென்றது. மேனிங்கின் ரசிகர்களுக்கு இந்த இரண்டு வரிகள் போதும். பிரேடியின் ரசிகர்கள் 2020ஐக் காட்டுவார்கள். ஏழே வெற்றிகளோடு முந்தைய பருவத்தை முடித்திருந்த தாம்பா பே அணிக்கு 43 வயதில் போய், முதல் பருவத்திலேயே சூப்பர் பௌல் வென்றார். அவரை இழந்த பேட்ரியட்ஸ் 12 வெற்றியிலிருந்து ஏழுக்கு இறங்கியது. இரு தரப்பும் சொல்வது உண்மைதான். ஆனால் ஒவ்வொன்றும் ஒரே ஒரு முறை நடந்த சோதனை. மாற்று வீரர் யார், பயிற்சியாளர் யார், ரிசீவர்கள் யார் என்று எல்லாமே சேர்ந்து மாறிய சோதனை.

அடுத்த சிக்கல் காலம். 1980களின் ஒருநாள் கிரிக்கெட் ஸ்ட்ரைக் ரேட்டை இன்றைய டி20 ஸ்ட்ரைக் ரேட்டோடு நேருக்கு நேர் வைக்க மாட்டோம் அல்லவா? 1978இல் லீக் விதிகளை மாற்றியது. ஐந்து கெஜத்துக்கு அப்பால் ரிசீவரை மோதித் தடுக்கக் கூடாது. குவார்ட்டர்பேக்கைக் காக்கும் முன்வரிசை வீரர்கள் கைகளை நீட்டித் தடுக்கலாம். வீசுவது ஒரே நாளில் எளிதாகிவிட்டது. 1960களில் நூற்றுக்கு ஐந்துக்கும் மேல் பறிபோன வீச்சுகள் இன்று இரண்டைச் சற்றுத் தாண்டுகின்றன. ஜோ நேமத் 173 டச்டவுன் வீசி 220 பந்துகளைப் பறிகொடுத்தவர். வாழ்நாள் மதிப்பீடு 65.5. இன்று அந்த எண்ணோடு ஒருவர் வேலையைத் தக்கவைப்பது கடினம். ஆனால் அவர் சிறந்த வீரர்களைக் கௌரவிக்கும் புகழ் மண்டபத்தில் இருக்கிறார். 1967இல் ஒரே பருவத்தில் 4,000 கெஜம் தாண்டிய முதல் ஆள் அவர்தான், அதுவும் 14 ஆட்டங்களில்.

எனவே ஒருவரைத் தன் காலத்தவரோடு ஒப்பிட வேண்டும்: அந்தப் பருவத்தின் சராசரியிலிருந்து எத்தனை திட்டவிலக்கம் (எண்கள் சராசரியைச் சுற்றிச் சிதறும் அளவு) மேலே நின்றார் என்று. எளிய வடிவம் ஒன்றைப் பார்க்கலாம். மேனிங் 2013இல் 55 டச்டவுன் வீசியது இன்றும் நிற்கும் சாதனை. அந்தப் பருவத்தின் இரண்டாம் இடம் 39. டான் மரினோ 1984இல் வீசியது 48. இரண்டாம் இடம் 32. இடைவெளி இரண்டிலும் 16தான். விகிதமாகப் பார்த்தால் மரினோ அடுத்தவரைவிட ஒன்றரை மடங்கு, மேனிங் 1.4 மடங்கு. ஒரே பருவம் என்று கேட்டால் நான் மரினோவைத்தான் சொல்வேன். அவரிடம் ஒரு மோதிரமும் இல்லை.

காலத்தைச் சரிசெய்யும் கணக்குக்கும் ஒரு பலவீனம் உண்டு. போட்டி தளர்வாக இருந்த காலத்தில் நல்லவருக்கும் நடுத்தரத்துக்கும் இடைவெளி பெரிதாகத் தெரியும். ஓட்டோ கிரஹாம் 1946 முதல் 1955 வரை பத்துப் பருவங்களிலும் இறுதிப் போட்டிக்குப் போய் ஏழில் வென்றார். அவற்றில் நான்கு வேறொரு சிறிய லீக்கில் வென்றவை. இன்று 32 அணிகள் உள்ள லீக்கில் அது நடக்குமா என்பதற்கு எந்தத் திட்டவிலக்கமும் பதில் சொல்லாது.

தற்செயலையும் மறக்கக் கூடாது. ஒரு பருவத்தில் 550 வீச்சுகள், அதில் 65 சதவீதம் சேர்கிறது என்றால், தற்செயலால் மட்டுமே அந்த எண் இரண்டு சதவீதப் புள்ளி மேலோ கீழோ ஆடும். 66க்கும் 64க்கும் இடையே யார் சிறந்தவர் என்று வாதாடுவது வீண். ஜோ மொன்டானா நான்கு சூப்பர் பௌல்களில் 122 பந்துகளை வீசி ஒன்றையும் பறிகொடுக்கவில்லை என்பதை அவர் நரம்புகளின் உறுதிக்குச் சான்றாகச் சொல்வார்கள். அவர் வாழ்நாளில் 5,391 வீச்சுகளில் 139 பறிபோயின, நூற்றுக்கு 2.6. அந்த விகிதத்தில் ஆடுபவர் 122 முறை தப்பிக்க ஏறத்தாழ 25இல் ஒரு வாய்ப்பு உண்டு. இறுதிப் போட்டியின் எதிரணி வலுவானது என்பதால் வாய்ப்பு இன்னும் கொஞ்சம் குறையும். பெரிய சாதனைதான், நம்ப முடியாத அதிசயம் அல்ல.

ஆக, பட்டியல் போடுபவர் எதற்கு எத்தனை எடை கொடுக்கிறார் என்பதில்தான் விடை ஒளிந்திருக்கிறது. வாழ்நாள் மொத்தம் என்றால் பிரேடிக்குப் பக்கத்தில் யாரும் இல்லை: 23 பருவங்கள், 649 டச்டவுன், லீக் ஆட்டங்களில் மட்டும் 251 வெற்றி. ஆண்டுக்கு ஆண்டு உச்சத்தில் இருந்தவர் என்றால் ஐந்து முறை லீக்கின் மதிப்புமிக்க வீரரான மேனிங்கைத் தள்ள முடியாது. நான்காம் இடத்துக்கும் பத்தாம் இடத்துக்கும் இடையே உள்ள வரிசை கணக்கின் பிழை எல்லைக்குள்தான் கிடக்கிறது; அதை அகரவரிசையில் போட்டாலும் நட்டமில்லை.

எந்த எடையாலும் தீராத ஓர் ஓட்டை மிச்சம் இருக்கிறது: ஆட விடப்படாதவர்கள். 1934 முதல் 1945 வரை லீக்கில் ஒரு கறுப்பின வீரர்கூட இல்லை. அதற்குப் பிறகும் குவார்ட்டர்பேக் இடம் நெடுங்காலம் அவர்களுக்கு எளிதில் திறக்கவில்லை. 1968இல் டென்வர் அணிக்காக அந்த இடத்தில் நன்றாக ஆடிய மார்லின் பிரிஸ்கோ, அடுத்த ஆண்டே வேறு அணியில் ரிசீவராக வேண்டியிருந்தது. வாரன் மூன் 1978 ஜனவரியில் கல்லூரி அணியோடு ரோஸ் பௌல் என்ற புகழ்பெற்ற கல்லூரிப் போட்டியை வென்றவர். அணிகள் புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் அந்த ஆண்டின் லீக் தேர்வில் எந்த அணியும் அவரை எடுக்கவில்லை. கனடாவின் எட்மன்டன் அணிக்குப் போனார். ஆறு பருவங்கள் ஆடி, தொடர்ந்து ஐந்து முறை அந்நாட்டின் கிரே கோப்பையை வென்றார். 1984இல்தான் ஹூஸ்டன் அவரை அழைத்தது. அதன் பிறகு அமெரிக்க லீக்கில் அவர் சேர்த்தது 49,325 கெஜம்.

கனடாவில் களம் நீளம், அணிக்கு 12 பேர், முயற்சிகள் மூன்றுதான். அங்கே எடுத்த கெஜங்களை அப்படியே கூட்ட முடியாது. ஆனால் பட்டியல்கள் அந்த ஆறு ஆண்டுகளுக்குப் பூஜ்யம் போடுகின்றன. விடுபட்ட தரவைப் பூஜ்யமாக எழுதக் கூடாது என்பது புள்ளியியலின் முதல் பாடங்களில் ஒன்று. பருவத்துக்கு 2,500 கெஜம் என்று கை இறுக்கமாகவே நிரப்பிப் பாருங்கள்: மூனின் மொத்தம் 64,325 ஆகிறது. மரினோ 17 பருவங்களில் எடுத்தது 61,361.