பாவாடை ஏன் நான்கு இடத்தில் மட்டும் இறங்கியது?

மகளுக்கு அம்ப்ரெல்லா பாவாடை ஒன்று தைத்தேன். இடுப்பு 22 இன்ச், நீளம் 16. 44 இன்ச் அகலப் பருத்தித் துணியை நாலாக மடித்து, மடிப்பு மூலையில் டேப்பைப் பிடித்துச் சுழற்றிக் கால் வட்டம் வரைந்து வெட்ட வேண்டும். விரித்தால் முழு வட்டம். இடுப்புக்கான உள்வட்டத்துக்குத்தான் கொஞ்சம் கணக்கு. சுற்றளவைப் பை (π) என்ற எண்ணின் இரண்டு மடங்கால் வகுக்க வேண்டும். பள்ளியில் படித்த 22/7 வேறெங்கும் இவ்வளவு அழகாகப் பொருந்தி நான் பார்த்ததில்லை. 22 இன்ச் இடுப்புக்கு ஆரம் சரியாக மூன்றரை இன்ச்.

இடுப்பில் எலாஸ்டிக் வைத்தாயிற்று. கீழ் ஓரம் மடித்துத் தைக்கும்போது கரண்ட் போய்விட்டது. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று பாவாடையை ஆணியில் மாட்டிவிட்டுப் படுத்தேன். காலையில் பார்த்தால் ஓரம் அலை அலையாகத் தொங்குகிறது. அளந்தேன். நான்கு இடங்களில் 16 இன்ச் அப்படியே இருந்தது. அவற்றுக்கு நடுவே இருந்த நான்கு இடங்களில் கிட்டத்தட்ட 17.

வெட்டியதில் தப்பு என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் நாலாக மடித்து வெட்டியது. தப்பு என்றால் நான்கு கால் வட்டமும் ஒரே மாதிரித் தப்பாக இருக்க வேண்டும், இரவே கண்ணில் பட்டிருக்கும். துணி சுருங்கியிருக்கவும் வழியில்லை, வெட்டுவதற்கு முன்பே நனைத்துக் காயவைத்தாயிற்று. (பருத்தி தைக்கிறவர்கள் இதைத் தவறவே விடக்கூடாது. தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல் இழுத்துப் பிடித்த நிலையிலேயே இருக்கிறது. தண்ணீர் பட்டதும் அந்த இழுவை தளர்ந்து நீளவாக்கில் சுருங்கும். தைத்த பிறகு சுருங்கினால் தங்கைக்குத்தான் கொடுக்க வேண்டும்.)

எங்கள் ஊர் பள்ளிப்பட்டு. 1960 ஏப்ரல் 1 வரை ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் இருந்த பகுதி இது. எல்லை மாறியதே தவிர பேச்சு மாறவில்லை. எங்கள் வீட்டில் பாவு, ஊடை என்றால் எதிர்வீட்டுத் தறிக்கூடத்தில் தெலுங்கில் படுகு, பேக என்பார்கள். அந்தத் தறிக்கார அண்ணனிடம் பாவாடையைக் காட்டினேன். ஒரு பக்கம் பிடித்து இழுத்தார், திருப்பி மூலைவாக்கில் இழுத்தார், சிரித்தார்.

“துணி மேல தப்பில்லம்மா. நாங்க ரெண்டு பக்கத்துக்குத்தான் நூல் போடுறோம். நீ மூணாவது பக்கமா தொங்க விட்டா அது என்ன பண்ணும்?”

விஷயம் மொத்தமும் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. நீளவாக்கில் ஓடுவது பாவு. கரையோடு இணையாக இருக்கும். அதற்குச் செங்குத்தாக, கரைக்குக் கரை ஓடுவது ஊடை. பாவின் போக்கில் துணியை இழுத்தால் அந்த நூல்களே இழுவையைத் தாங்கிக்கொள்கின்றன. பருத்தி நூல் அவ்வளவு எளிதில் நீளாது. ஒன்றின் மேலும் அடுத்ததன் கீழுமாக வளைந்து வளைந்து போகிற நூல் சற்று நிமிரும், அந்த அளவுக்குத்தான் துணி கொடுக்கும். ஊடைப் பக்கம் பெரும்பாலும் இதைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கும்.

மூலைவாக்கில் இழுத்தால்? அந்தத் திசையில் ஒரு நூல்கூடக் கிடையாது. நான்கு கழிகளைச் சதுரமாக வைத்து மூலைகளில் கயிற்றால் கட்டிப் பாருங்கள். தோளால் லேசாகத் தள்ளினாலே சாய்ந்துவிடும். கழி எதுவும் நீளவில்லை, முறியவில்லை, மூலையில் கோணம்தான் மாறியது. பந்தல்காரர்கள் குறுக்காக ஒரு கழியைச் சாய்த்துக் கட்டுவது அதைத் தடுக்கத்தான். துணி என்பது குறுக்குக் கழியே இல்லாத லட்சக்கணக்கான குட்டிப் பந்தல்கள். இன்ச்சுக்கு 60 பாவு, 60 ஊடை என்று வைத்துக்கொண்டால் ஒரு சதுர இன்ச்சில் மட்டும் 3,600 சந்திப்புகள். ஒவ்வொன்றும் ஒரு தளர்ந்த மூலை.

ஒரு கைக்குட்டையை எடுத்து எதிரெதிர் மூலைகளைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். நீளும், அதே நேரம் இடை சிறுக்கும். 10 செ.மீ. சதுரம் ஒன்றின் மூலைவிட்டம் 14.1 செ.மீ. நூல்கள் சந்திக்கும் கோணம் 90 பாகையிலிருந்து 80 ஆகக் குறைந்தால் ஒரு மூலைவிட்டம் 15.3 ஆகிறது, மற்றது 12.9 ஆகச் சுருங்குகிறது. எந்த நூலும் ஒரு மயிரிழை நீளவில்லை என்பதுதான் வேடிக்கை. என் பாவாடை 16 இன்ச்சிலிருந்து 17 இன்ச்சுக்குப் போக இந்தக் கோணம் ஏறக்குறைய 7 பாகை மாறினாலே போதும். ஆனால் இது முடிவில்லாமல் நடக்காது. நூல்கள் ஒன்றோடொன்று நெருங்கி இடித்துக்கொண்டதும் துணி இறுகி நின்றுவிடும்.

இப்போது வட்டத்துக்கு வருவோம். முழு வட்டப் பாவாடையில் இரண்டு இடங்களில் பாவு நேராகக் கீழே தொங்குகிறது, இரண்டு இடங்களில் ஊடை. இவை நான்கும் கனத்தைத் தாங்கும் நூலுள்ள இடங்கள். ஒவ்வொரு கால் வட்டத்தின் நடுவிலும் 45 பாகையில் தொங்குவது மூலைவாக்குத் துணி. அவை நான்கு. துணியின் சொந்தக் கனமே அங்கே சதுரங்களைச் சாய்க்கிறது. உடனே இறங்காததற்குக் காரணம் உராய்வு. சந்திப்புகளில் நூலும் நூலும் பற்றிக்கொண்டிருக்கின்றன, மெல்ல மெல்லத்தான் நழுவும். ராத்திரி முழுக்க ஆணியில் தொங்கியது அதற்குத் தாராளமான நேரம்.

இந்த மூலைவாக்கைத்தான் தையல்காரர்கள் கிராஸ் என்கிறார்கள். எனக்குத் தொல்லை கொடுத்த இதே குணத்தைத்தான் அவர்கள் காசாக்குகிறார்கள். பிளவுஸ் கழுத்துக்கு கிராஸ் பீஸ் வைப்பது ஏன்? நேராக வெட்டிய பட்டியை வளைத்தால் உள் ஓரம் சுருக்கம் விழும், வெளி ஓரம் இழுக்கும். கிராஸில் வெட்டிய பட்டி ஒரு பக்கம் நீண்டு ஒரு பக்கம் குறுகி வளைவோடு போய்விடும். கிராஸ் கட் பிளவுஸுக்குத் துணி கூடுதலாக ஆகும், கடையில் முணுமுணுப்போம். ஆனால் முன்பக்கம் உடம்போடு படிவது அதனால்தான்.

காகிதத்தால் தேங்காயைச் சுற்றினால் மடிப்பு விழாமல் முடியாது. துணி படியும், கோணத்தை மாற்றிக்கொண்டு. இதைக் கணக்காகவே போட்டுப் பார்த்தவர் ரஷ்யக் கணித மேதை செபிஷேவ். 1878இல் பாரிஸில் அவர் ஆற்றிய உரையின் தலைப்பே துணி வெட்டுவதைப் பற்றியது. நூல் நீளாது, சந்திப்பில் கோணம் மட்டும் மாறும் என்று வைத்துக்கொண்டு, ஒரு பந்தைத் துணியால் போர்த்த எப்படி வெட்ட வேண்டும் என்று காட்டினார். அப்படிப்பட்ட வலைகளுக்குக் கணிதத்தில் இன்றைக்கும் அவர் பெயர்தான்.

ஆறு கஜத்தையும் வெட்டாமல் கட்டும் சேலையிலும் இது உண்டு. கொசுவம் பாவு ஊடையின் போக்கிலேயே நிற்பதால் மடிப்பு நிற்கிறது. மார்பின் குறுக்கே சாய்வாக ஏறும் முந்தானை கிராஸில் விழுவதால் குழைந்து படிகிறது. பனியன் துணி இழுபடுவது மட்டும் வேறு கதை. அது நெய்ததே இல்லை, கண்ணி கண்ணியாகப் பின்னியது.

சரி, பாவாடையை என்ன செய்வது? அண்ணன் சொன்னபடி இன்னும் ஒரு நாள் அப்படியே தொங்கவிட்டேன், இறங்குவது முழுக்க இறங்கட்டும் என்று. அப்புறம் மகளை ஸ்டூல் மேல் நிற்கவைத்து, ஸ்டூலிலிருந்து ஸ்கேலை நிறுத்தி, சுற்றிலும் ஒரே உயரத்தில் சாக்பீஸால் புள்ளி வைத்து, மிச்சத்தை வெட்டினேன். அவள் நெளிந்ததில் மூன்று முறை வைக்க வேண்டியிருந்தது. ஓரம் அடிக்கும்போது துணியைக் கையால் இழுக்காமல் மெஷின் போக்கில் விட்டேன், இழுத்தால் அந்த நான்கு இடமும் மறுபடி அலையடிக்கும். இப்போது அந்தப் பாவாடை ஆணிக்குப் போவதில்லை, மடித்துத்தான் வைக்கிறேன்.

வெட்டியதில் பிறைபோல நான்கு துண்டுகள் மிஞ்சின. நான்கும் அசல் கிராஸ். மகளின் பொம்மைச் சட்டைக்குக் கழுத்துப் பட்டி வைத்தேன், ஒரு சுருக்கம் விழவில்லை.