அம்மம்மாவின் கல்யாணப் படத்தைச் சுவரில் மாட்டுமுன்

கொழும்பில் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் எந்தப் புதுத் தொடர்மாடி வீட்டுக்குப் போனாலும் இப்போது ஹோல் சுவர் வெள்ளை, அதில் கறுப்புப் பிரேம், அதற்குள் கறுப்பு வெள்ளைப் படம். பார்க்க நன்றாகவே இருக்கிறது. நிறத்தின் இரைச்சல் இல்லாததால் சின்ன ஹோலில் ஆறேழு படம் போட்டாலும் அடைசலாகத் தெரியாது. பிரேம் போடுவதே தொழிலாக இருக்கிற எனக்கும் இது பிடித்த வேலைதான். ஆனால் அண்மைக்காலமாகக் கடையில் வாங்கிய படங்களோடு, பழைய அல்பத்திலிருந்து அம்மம்மாவின் கல்யாணப் படம், தாத்தா சால்வையோடு கதிரையில் இருக்கிற படம் என்று ஒரிஜினலையே உரித்துக்கொண்டு வருகிறார்கள். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். ஒரிஜினலை மாட்டாதீர்கள். கொப்பி எடுத்து, அதை மாட்டுங்கள்.

காரணம் அந்தப் படம் செய்யப்பட்ட விதத்திலேயே இருக்கிறது. பழைய கறுப்பு வெள்ளைப் படம் என்பது கடதாசிக்கு மேல் ஜெலட்டின் பூச்சு, அந்தப் பூச்சுக்குள் நுண்ணிய வெள்ளித் துகள்கள். ஜெலட்டின் ஈரத்தை உறிஞ்சி ஊதும், இளகும், பசைபோல ஆகும். கொழும்பின் காற்றில் ஈரப்பதம் ஆண்டு முழுக்க 80 சதவீதத்தை ஒட்டித்தான் நிற்கிறது, 65 சதவீதத்துக்கு மேல் நின்றாலே பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கிவிடும். இந்த ஊரில் படத்தைக் கண்ணாடியோடு நேரே ஒட்டி வைத்துப் பிரேம் போட்டால், இளகிய ஜெலட்டின் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு அப்படியே காய்ந்துவிடும். அதற்குப் பிறகு கண்ணாடியைக் கழற்றினால் படம் கடதாசியிலிருந்து உரிந்து கண்ணாடியோடு போகும்.

போன மழைக்காலத்தில் ஒரு தங்கச்சி கொண்டுவந்த பிரேமை இன்னும் மறக்க முடியவில்லை. அம்மம்மாவும் அம்மப்பாவும் நிற்கிற கல்யாணப் படம். முன்னால் பார்த்தால் பழுது தெரியாது. விளக்கடியில் சாய்த்துப் பிடித்தபோதுதான் பெண்ணின் நெற்றியிலிருந்து தாலிக்கொடிவரை ஈரக்கறைபோல ஒரு மினுக்கம் தெரிந்தது, அந்த இடம் முழுக்கக் கண்ணாடியோடு ஒட்டிப்போயிருந்தது. பின்னால் ஹார்ட்போர்ட் ஊறி வளைந்து, ஓரமெல்லாம் பிரவுண் டேப்பின் பசை கசிந்து கிடந்தது. கண்ணாடியை மட்டும் மாற்றித் தாங்கோ அண்ணா என்றுதான் கேட்டு வந்தவர். மாற்றினால் முகம் போய்விடும் என்று சொன்னபோது அவர் அழுதுவிட்டார், ஏனென்றால் வேறு படம் கிடையாது.

வேறு படம் கிடையாது என்பதுதான் நம்மில் நிறையப் பேரின் நிலை. 83 கலவரத்தில் இங்கே எரிந்த வீடுகளோடும், 95 யாழ்ப்பாண இடப்பெயர்வில் பூட்டிவிட்டு வந்த வீடுகளோடும் எத்தனை அல்பங்கள் போயின. நெகட்டிவ் யாரிடமும் இல்லை, படம் எடுத்த ஸ்டூடியோவும் பல இடங்களில் இல்லை. லயனல் வென்ட் 1944இல் இறந்தபின் அவருடைய நெகட்டிவ்கள் அழிக்கப்பட்டன. இந்த நாட்டின் பெயர்பெற்ற புகைப்படக் கலைஞர் ஒருவருக்கே மிஞ்சியவை அவர் போட்ட பிரிண்டுகள்தான். நம் வீட்டுப் படம் அதைவிடத் தனியானது, அந்த ஒரு துண்டுக் கடதாசிதான் எல்லாமே.

கொப்பி எடுப்பது பெரிய வேலை இல்லை. போனில் எடுக்காதீர்கள், ஒளி தெறிக்கும், ஓரம் வளையும். ஸ்கானரில் 600 டிபிஐயில் (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளி) எடுத்தால் இரண்டு மடங்கு பெரிதாக்கலாம், பாஸ்போர்ட் அளவுச் சின்னப் படமென்றால் 1200இல் எடுங்கள். பிரிண்ட் போடும் இடத்தில் பிக்மென்ட் மையா என்று கேளுங்கள். சாதாரண டை மையில் அடித்த கறுப்பு வெள்ளை கொஞ்சக் காலத்தில் ஊதாவோ பச்சையோ அடிக்கும், கறுப்பு கறுப்பாக நிற்காது. பழுப்பு நிறத்தை எடுத்துவிடச் சொல்லி, முகத்தையும் மழமழவென்று ஆக்கிக் கேட்கிறவர்கள் உண்டு, எனக்கு அதில் உடன்பாடில்லை. சுருக்கமும் கீறலும் அந்தப் படத்துக்கு உரியவை, இருக்கட்டும்.

கொப்பி என்றாலும் கண்ணாடியில் தொடவிடக் கூடாது. இடையில் மவுண்ட் போர்ட், அதாவது நடுவில் ஜன்னல்போல வெட்டிய தடித்த அட்டை, வைக்க வேண்டும், அசிட் இல்லாததாகக் கேட்டு வாங்குங்கள், கூடுதலாகச் சில நூறு ரூபாய் போகும். மலிவானதை வைத்தால் வெட்டிய ஓரம் முதலில் மஞ்சளாகி, பிறகு அதே கோடு படத்திலும் பழுப்பாக இறங்கும். படத்தைப் பசை போட்டு ஒட்டவோ செலோடேப் போடவோ விடாதீர்கள், மூலைக்கு மூலை போட்டோ கோர்னர், படத்தின் மூலையைச் செருகும் சின்னக் கடதாசி உறை, போதும். பிரேமின் பின்பக்கம் கீழ் மூலைகளில் இரண்டு சின்ன ரப்பர்த் துண்டு ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் இடையில் காற்றுப் போகும்.

அப்புறம் எங்கே மாட்டுவது. மரைன் டிரைவ் பக்கம் கடலைப் பார்த்த வீடுகளில் பின்நேர வெயில் நேரே உள்ளே விழும், அந்த வெயில் படும் சுவர் வேண்டாம். மே தொடங்கித் தென்மேல் பருவமழை அடிக்கிற வெளிச்சுவரும் வேண்டாம், பெயின்ட் பொருக்கு விடுகிற சுவரில் படம் மாட்டினால் பின்பக்கம் எப்போதும் ஈரம்தான். உட்சுவர்தான் நல்லது. இருண்ட படத்தை ஜன்னலுக்கு நேர் எதிரே மாட்டினால் அது கண்ணாடியாகிவிடும், படம் தெரியாது, நீங்களும் ஜன்னலும்தான் தெரிவீர்கள். ஜன்னலுக்குப் பக்கச் சுவரில் மாட்டுங்கள். உயரம், படத்தின் நடு நிலத்திலிருந்து நாலே முக்கால் அடி. நம் வீடுகளில் நிலைக்கு மேலே ஏற்றிச் சாய்த்து மாட்டுவது வழக்கம், அங்கே முகம் யாருக்கும் தெரிவதில்லை. கடல் உப்புக்குச் சாதாரணக் கம்பி கறள் பிடித்து அறுந்துவிடும், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கொக்கியும் நைலோன் கயிறும் போடுங்கள்.

ஒரு விஷயம் வீட்டுப் பெரியவர்கள் கேட்பார்கள், நியாயமாகத்தான் கேட்பார்கள். உயிரோடு இருக்கிறவரின் படத்தைக் கறுப்பு வெள்ளையில், கறுப்புச் சட்டம் போட்டு மாட்டினால் மாலை ஒன்றுதான் குறை என்று மாமி முகம் சுளிப்பார். அதற்காகச் சண்டை வேண்டாம். உயிரோடு இருப்பவர்களுக்குத் தேக்கு நிற பிரேமும் அகலமான வெள்ளை மவுண்டும் வையுங்கள், கறுப்பு வெள்ளையின் அழகு குறையாது, பார்க்கிறவருக்கும் நெருடாது. கறுப்புச் சட்டத்தைக் கோயில் கோபுரம், கோட்டை ரயில் நிலையம், கடல் போன்ற படங்களுக்கு வைத்துக்கொள்ளலாம்.

ஏற்கெனவே ஒட்டிப்போன படம் வீட்டில் இருந்தால் இழுக்காதீர்கள், தண்ணீர் தொடாதீர்கள், ஹெயார் டிரையர் பிடிக்காதீர்கள். கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கான் எடுங்கள், பெரும்பாலும் நல்ல கொப்பி கிடைக்கும். பிறகு பின்னட்டையை மட்டும் மாற்றி, அந்தக் கண்ணாடியோடேயே வைத்திருங்கள். அந்தத் தங்கச்சியின் படத்துக்கும் அதைத்தான் செய்தோம். ஒட்டாத ஒரிஜினல்களை லேமினேட் செய்யாதீர்கள், அதை மீட்கவே முடியாது. பொலித்தீன் பையும் வேண்டாம், உள்ளே ஈரம் நிற்கும். அசிட் இல்லாத கடதாசி உறையில் போட்டு, சிலிக்கா ஜெல் பையோடு மூடியுள்ள பெட்டியில் அலுமாரியின் நடுத்தட்டில் வையுங்கள். சமையலறைச் சுவரையும் குளியலறைச் சுவரையும் ஒட்டிய அலுமாரியாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சிலிக்கா ஜெல்லை மழைக்காலத்துக்கு முன்பும் பின்பும் மாற்றுங்கள்.