தெருவை அளக்கும் முன் ஆட்களை எண்ணுங்கள்

உக்கடம் பெரியகுளத்தின் கரையில் ஒரு மாலை நேரம் நின்று பார்ப்பவருக்குக் கோயம்புத்தூர் எவ்வளவு மாறியிருக்கிறது என்பது எளிதில் விளங்கும். ஆகாயத்தாமரை மூடிக் கிடந்ததால் பேருந்துப் பயணிகள் மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்த இடத்தில், இன்று குழந்தைகள் மிதிவண்டி ஓட்டிப் பழகுகிறார்கள். முதியவர்கள் காற்று வாங்க அமர்ந்திருக்கிறார்கள். 2013இல் குளம் வறண்டு கிடந்தபோது வார இறுதிகளில் மண்வெட்டியோடு வந்து தூர்வாரிய தன்னார்வலர்களின் உழைப்பும், 2016 ஜனவரியில் ஸ்மார்ட் சிட்டி திட்டத்தின் முதல் 20 நகரங்களில் ஒன்றாகக் கோவை தேர்வான பின் வந்த நிதியும் இந்த மாற்றத்துக்குப் பின்னால் இருக்கின்றன. நகரமைப்பை வாழ்க்கைத் தொழிலாகக் கொண்ட எனக்கு இது மனநிறைவு தரும் காட்சி. ஆயினும் இத்தகைய பணிகள் எந்த மேசையில் திட்டமிடப்படுகின்றன, அந்த மேசையில் யாருடைய கணக்கு இடம்பெறாமல் போகிறது என்பதை ஊர்மக்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற கவலை எனக்கு நெடுநாளாக உண்டு.

அரசியலமைப்பின் 74ஆவது திருத்தம் 1992இல் சேர்த்த பன்னிரண்டாம் அட்டவணை, நகர உள்ளாட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க 18 பணிகளைப் பட்டியலிடுகிறது. பூங்காக்களும் விளையாட்டுத் திடல்களும் அதில் உண்டு. பண்பாடு, கல்வி, அழகியல் ஆகியவற்றை வளர்ப்பதும் உண்டு. பொருளாதார, சமூக வளர்ச்சிக்கான திட்டமிடலும் அதே பட்டியலில் மூன்றாவது இடத்தில் இருக்கிறது. சட்டம் ஒரே தாளில் எழுதியதை நாங்கள் நடைமுறையில் பிரித்துவிட்டோம். அழகுபடுத்தல் என்றால் கல் பதிப்பதும் விளக்கு நடுவதும் அடங்கிய எஸ்டிமேட். பொருளாதார வளர்ச்சி என்றால் தொழிற்பேட்டையும் முதலீட்டாளர் சந்திப்பும். ஒரு தெருவின் ஓரத்தில் நாள்தோறும் நடக்கும் வாங்கல் விற்றல் இந்த இரண்டு கோப்புகளிலும் வருவதில்லை.

இதை நான் என் தவறொன்றின் வழியாகத்தான் கற்றேன். பணிக்கு வந்த தொடக்க ஆண்டுகளில், வேறோர் ஊரின் கடைவீதிச் சாலை ஒன்றுக்கு அழகுபடுத்தும் வரைபடம் தயாரிக்கும் பொறுப்பு எனக்குக் கிடைத்தது. நில அளவை, மின்கம்பங்கள், வடிகால் மூடிகள், மரங்கள் என எல்லாவற்றையும் அங்குலம் பிசகாமல் குறித்தேன். நடைபாதையின் ஓரமாகக் கிரானைட் பூந்தொட்டிகள் வரிசையாக அமைந்தன. வேலை முடிந்து சில மாதங்கள் கழித்துப் போனபோது, அங்கே இருபது ஆண்டுகளுக்கு மேல் பூ விற்றிருந்த ஓர் அம்மா சாலையின் மறுமுனையில் வெயிலில் உட்கார்ந்திருந்தார். “ஏனுங்க, ரோட்டையெல்லாம் அளந்தீங்க, கம்பத்தையெல்லாம் எண்ணுனீங்க, எங்களை எண்ணவே இல்லீங்களே?” என்று கேட்டார். அவர் குரலில் கோபம்கூட இல்லை. பூக்காரர்களும் செருப்புத் தைப்பவரும் வேர்க்கடலை வண்டியும் அகன்றபின் இரவு எட்டு மணிக்கெல்லாம் அந்தச் சாலை வெறிச்சோடியது. வேலை முடிந்து திரும்பும் பெண்கள் பக்கத்துத் தெருவைச் சுற்றிக்கொண்டு போகத் தொடங்கினார்கள். பூந்தொட்டிகள் இரண்டே ஆண்டில் குப்பைத் தொட்டிகளாயின.

அதன்பின் எந்தத் தெருவுக்கு வரைபடம் கேட்டாலும், நில அளவைக்கு முன் ஆட்களின் கணக்கெடுப்பை நடத்துகிறேன். அதிகாலை ஐந்து மணி முதல் இரவு பதினொரு மணி வரை, மணிக்கொரு முறை தெருவின் இரு முனைகளுக்கும் இடையே நடந்து, யார் எங்கே என்ன செய்கிறார்கள் என்று தாளில் குறிப்பதுதான் அதன் முறை. கோவையில் அப்படி எடுத்த ஒரு தாளை இங்கே எடுத்துக்காட்டலாம். ஒரு வங்கிக் கிளையின் மூடிய படிக்கட்டில் ஐந்தரை மணிக்கு நாளிதழ்க் கட்டுகளைப் பிரித்து இணைப்பிதழ்களைச் செருகுகிறார்கள். ஏழரை மணிக்கு அதே இடத்தின் ஓரத்தில் ஒரு தம்பதி ஆப்பிள் பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு இட்லி விற்கிறார்கள். வங்கி திறக்கும் பத்து மணிக்குள் கழுவி விட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். பதினொரு மணிக்கு இளநீர் வண்டி வேப்பமர நிழலுக்கு வருகிறது; மூன்று மணிக்கு வெயில் திரும்பியதும் எதிர்ப்பக்கம் நகர்கிறது. ஆறு மணிக்கு, கோவைக்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம், காளான் பலகாரம் விற்கும் வண்டி. ஏறத்தாழ பன்னிரண்டு அடி நீளமுள்ள ஓர் இடத்தில் நான்கு குடும்பங்கள் ஒன்றையொன்று இடிக்காமல் பிழைக்கின்றன. நண்பகலில் போய் நில அளவை எடுக்கும் பொறியாளரின் வரைபடத்தில் இதில் ஒரு வண்டி மட்டுமே, அதுவும் “ஆக்கிரமிப்பு” என்ற குறிப்போடு பதிவாகும்.

தெரு வியாபாரிகள் சட்டம் 2014 இத்தகைய கணக்கைச் சட்டக் கடமையாகவே ஆக்கியிருக்கிறது. ஐந்தாண்டுக்கு ஒரு முறையேனும் வியாபாரிகளைக் கணக்கெடுக்க வேண்டும். கணக்கெடுப்பு முடிந்து விற்பனைச் சான்றிதழ் வழங்கும் வரை இருப்பவர்களை அப்புறப்படுத்தக் கூடாது. அகற்றவோ இடம் மாற்றவோ நேர்ந்தால் 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். இந்தச் சட்டப்படி அமையும் நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 விழுக்காட்டினர் வியாபாரிகளே தேர்ந்தெடுத்த பிரதிநிதிகளாகவும், அவர்களில் மூன்றிலொரு பங்கு பெண்களாகவும் இருக்க வேண்டும். வாங்குவோரும் விற்போரும் தாமாகவே கூடி ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக நடக்கும் இயல்புச் சந்தைகளை மரபுச் சந்தைகளாக அறிவிக்க வேண்டும் என்றும் அதன் அட்டவணை சொல்கிறது. மக்கள்தொகையில் 2.5 விழுக்காடு என்ற அளவுக்கு உட்பட்டு வியாபாரிகளுக்கு இடம் தர வேண்டும் என்பது விதி. 2011 கணக்கெடுப்பின்படி விரிவாக்கப்பட்ட கோவை மாநகராட்சி எல்லைக்குள் இருந்தவர்கள் சுமார் 16 லட்சம் பேர். அந்த எண்ணிக்கையைக் கொண்டு பார்த்தாலே 40,000 வியாபாரிகள் வரை இடம் கேட்க வழி உண்டு. சாலையை அழகுபடுத்தும் ஒப்பந்தப்புள்ளி ஆவணங்களில் இந்தச் சட்டத்தின் பெயரைக் காண்பது அரிது என்பதே என் அனுபவம்.

குளங்களுக்கு வருவோம். நொய்யல் ஆறு மேற்குத் தொடர்ச்சி மலையில் வெள்ளியங்கிரிப் பக்கத்தில் பிறந்து வருகிறது. அதன் குறுக்கே அணைகள் கட்டி, சித்திரைச்சாவடி வாய்க்கால் வழியே நரசாம்பதி, கிருஷ்ணாம்பதி, செல்வாம்பதி, குமாரசாமி குளங்களுக்கும், கோயம்புத்தூர் அணை வாய்க்கால் வழியே பெரியகுளத்துக்கும் அங்கிருந்து வாலாங்குளத்துக்கும் தண்ணீர் போகும்படி முன்னோர் அமைத்தார்கள். ஒன்று நிரம்பி, மிகுநீர் வழியும் கலங்கல் வழியே அடுத்ததற்குப் போகும் சங்கிலி இது. ஆகவே ஒரு குளத்தை மட்டும் தனியே எடுத்து அழகுபடுத்த முடியாது. வாய்க்காலில் வீட்டுக் கழிவுநீர் கலக்கும் வரை, கரையில் எத்தனை அலங்கார வளைவு கட்டினாலும் கோடையில் பச்சைப்பாசியும் நாற்றமும் திரும்பி வரும். நடைபாதைக்காகக் கரையை உட்புறமாக அகலப்படுத்தினால், தண்ணீர் நிற்க வேண்டிய இடத்தைக் கல் பிடித்துக்கொள்கிறது. பெருமழையில் அந்தத் தண்ணீர் தாழ்வான தெருக்களுக்குப் போகும். செங்குத்தான கற்சுவரில் நாணலும் கோரையும் முளைக்காது, அவை இல்லாமல் தாழைக்கோழி கூடு வைக்காது. சிங்காநல்லூர் குளத்தை 2017இல் மாநகராட்சி நகர்ப்புறப் பல்லுயிர்ப் பாதுகாப்பு மண்டலமாக அறிவித்தது, மண்கரையையும் புதர்களையும் அப்படியே விட்டுவைப்பதும் ஒருவகை அழகுதான் என்பதற்கு நல்ல தொடக்கம்.

குளக்கரைகளில் குடியிருந்த குடும்பங்கள் கீரணத்தம், மலுமிச்சம்பட்டி போன்ற ஊர்ப்புற அடுக்குமாடிகளுக்கு மாற்றப்பட்டன. வெள்ளம் வரும் இடத்திலிருந்து உறுதியான கூரைக்குக் கீழ் போவது நல்லதே. ஆனால் டவுன்ஹாலில் சுமை தூக்குபவருக்கும், நகரத்து வீடுகளில் பாத்திரம் தேய்ப்பவருக்கும் நடந்து போகும் தூரத்தில் இருந்த வேலை இரண்டு பேருந்து மாறும் தூரமாகிவிட்டால், அந்தப் பயணச் செலவையும் நேரத்தையும் மறுகுடியமர்வு அறிக்கையில் யாராவது எழுத வேண்டும். அழகான கரைக்கு அவர்கள் கொடுக்கும் விலை அது.

கோவையின் பொருளாதாரம் பெரிய ஆலைகளால் மட்டும் ஆனதல்ல. 1888இல் தொடங்கிய பஞ்சாலையும், 1930களில் பைக்காராவிலிருந்து வந்த மின்சாரமும் வளர்த்துவிட்ட இந்த ஊரில், மோட்டார் பம்புக்கும் கிரைண்டருக்கும் உதிரிபாகம் கடையும் லேத் பட்டறைகள் ஆவாரம்பாளையம், கணபதி, பீளமேடு தெருக்களில் வீட்டு முன்னறைகளிலேயே இயங்குகின்றன. ஒரு சாலையை மாதிரிச் சாலையாக்கினால் அதன் இருபுறமும் வாடகை ஏறும். ஏறிய வாடகையைத் துணிக்கடையும் உணவகமும் கொடுக்கலாம். பிறர் தரும் வேலையைக் கூலிக்குச் செய்துகொடுக்கும் ஜாப் ஆர்டரில் ஓடும் பட்டறை கொடுக்க முடியாது. வாடகை ஏறுவதற்கு முன்பே வேறொன்றும் நடக்கும்: நடைபாதையைத் தடுப்புத் தூண்களால் அடைத்துவிட்டு, வார்ப்புகளை இறக்கும் சிறு சரக்கு வண்டி நிற்க ஒரே ஓர் இடத்தைக்கூட வரைபடத்தில் விடாமல் போவார்கள். வண்டி நிற்காத தெருவில் பட்டறை நிற்காது. நகரில் எந்த நிலம் எதற்கு என்று வகுக்கும் முழுமைத் திட்டம் (மாஸ்டர் பிளான்) 1994இல் ஒப்புதல் பெற்ற பின், 2041ஐ இலக்காகக் கொண்ட அடுத்த திட்டம் வர ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆயின. நில வகைப்பாட்டு வரைபடத்தில் குடியிருப்பு நிறம் பூசிய தெருவுக்குள் இத்தனை லேத்கள் இருக்கின்றன என்ற உண்மைக்கு இடம் கொடுப்பது இனி நம் தலைமுறையின் வேலை.

நடைபாதையைப் பற்றிச் சுருக்கமாக ஒன்று. சாலைகளுக்கான தரநிலைகளை வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸின் வழிகாட்டுதல்படி, கம்பமோ படிக்கட்டோ குறுக்கிடாத 1.8 மீட்டர் அகலம் நடப்பவருக்குக் குறைந்தபட்சம் வேண்டும். மரத்தின் அடியைச் சுற்றி ஒரு மீட்டருக்குக் கான்கிரீட் கூடாதென்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013இல் டெல்லி வழக்கில் உத்தரவிட்டது. அடிமரம் வரை கல்லைப் பதித்து முடித்த தெருக்களில், அடுத்த ஆடிக்காற்றுக்கு எந்த மரம் சாயும் என்பதை அதன் கிளைகள் காய்வதைக் கொண்டே சொல்லிவிடலாம்.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் ஒவ்வொரு நகரத்துக்கும் ஒன்றிய அரசு 500 கோடி ரூபாய் வரையிலும், அதற்கு ஈடாக மாநிலமும் உள்ளாட்சியும் சேர்ந்தும் தரும் ஏற்பாடு கட்டுவதற்கானது. திட்டம் 2025 மார்ச் 31இல் நிறைவடைந்துவிட்டது. விளக்குகளின் மின்கட்டணம், பெயர்ந்த கற்கள், கழிப்பறைக்குத் தண்ணீர், காவலாளியின் சம்பளம் ஆகியவை இனி நம் சொத்துவரியிலிருந்து வர வேண்டும். ஆகவே உங்கள் பகுதிக்கு அழகுபடுத்தும் பணி வருகிறது என்று கேள்விப்பட்டால், வார்டுக்குள் பகுதிவாரியாக மக்கள் கூடும் பகுதி சபாக் கூட்டத்திலோ தகவல் உரிமை மனுவிலோ மூன்று தாள்களைக் கேளுங்கள்: வியாபாரிகளின் கணக்கெடுப்பு, மழைநீர் எங்கே போகிறது என்ற வடிகால் வரைபடம், ஐந்தாம் ஆண்டின் பராமரிப்புச் செலவு. வண்ணப்படத்தை அவர்களே காட்டுவார்கள். அதைக் கேட்க வேண்டியதில்லை.

எங்கள் கணக்கெடுப்புத் தாளின் கடைசி வரிசை இரவு பத்து முதல் பதினொரு மணி வரைக்கானது. பெரும்பாலான தெருக்களில் அதில் இரண்டோ மூன்றோ பேர்தான் இருப்பார்கள்: வண்டியைக் கழுவிக்கொண்டிருக்கும் ஒருவர், ஷிப்ட் முடிந்து பேருந்திலிருந்து இறங்கி நடக்கும் ஒரு பெண், கடையின் ஷட்டரை இறக்கும் ஒருவர். விளக்குக் கம்பங்களை எங்கே நடுவது என்பதை இப்போது அந்த வரிசையைப் பார்த்துத்தான் குறிக்கிறோம்.