எழுபது வளைவுகள் இறங்கும்போது பிரேக்கில் சேரும் வெப்பம்

ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு முன்பே கோயம்புத்தூர் அவிநாசி சாலையில் ஒன்றுகூடி, பெருந்துறையில் ஒரு தேநீருக்கு நின்று, நாமக்கல், சேந்தமங்கலம் வழியாகக் கொல்லிமலை அடிவாரமான காரவள்ளிக்குச் சென்று சேரும் ஸ்போர்ட்ஸ் கார் ஆர்வலர்களின் பேச்சு, பெரும்பாலும் ஏற்றத்தைப் பற்றியதாகவே இருக்கிறது. எந்த வண்டிக்கு எத்தனை குதிரைத்திறன், எந்த வளைவில் எந்த கியர், டர்போ எப்போது விழித்துக்கொள்கிறது என்பவைதான் அங்கே பேசப்படும் செய்திகள். ஆனால் எழுபது கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட அந்தப் பாதையில் ஒரு காரின் பொறியியல் உண்மையிலேயே சோதிக்கப்படுவது மாலையில் இறங்கும்போதுதான். ஏறும்போது இன்ஜின் தளர்ந்தால் வண்டி மெதுவாகப் போகும். இறங்கும்போது பிரேக் தளர்ந்தால் வண்டி நிற்காது.

பிரேக் என்பது வண்டியை நிறுத்தும் கருவி என்று நாம் சொல்லிப் பழகியிருக்கிறோம். இயற்பியலின் கண்ணில் அது இயக்க ஆற்றலை வெப்பமாக மாற்றி, அந்த வெப்பத்தைச் சிறிது நேரம் தன்னிடம் வைத்திருந்து, பிறகு காற்றுக்குக் கொடுக்கும் கருவி. இந்த மூன்று வேலைகளில் முதல் வேலையை எந்தக் காரின் பிரேக்கும் நன்றாகவே செய்துவிடுகிறது. மலையில் சிக்கல் எழுவது மற்ற இரண்டில்தான்.

கணக்கு எளிதாக இருக்கட்டும் என்பதற்காக, ஆட்களோடு சேர்த்து 1500 கிலோ எடையுள்ள ஒரு கார், 20 கிலோமீட்டர் நீளமுள்ள பாதையில் 1000 மீட்டர் உயரம் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். மேலே நிற்கும்போது அந்தக் காரிடம் இருக்கும் நிலை ஆற்றல் ஏறக்குறைய 1.47 கோடி ஜூல். அது 30 டிகிரியில் இருக்கும் 50 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமான ஆற்றல். ஒரு கல்யாண வீட்டு அண்டா நிறைய வெந்நீர் என்று நினைத்துக்கொள்ளலாம். டயர்களின் உருளல் எதிர்ப்பும் காற்றின் தடையும் இதில் சுமார் மூன்றில் ஒரு பங்கை வழியிலேயே எடுத்துக்கொள்ளும். மீதி ஏறத்தாழ ஒரு கோடி ஜூல். ஓட்டுநர் பிரேக்கை மட்டுமே நம்பி இறங்கினால், அத்தனையும் சக்கரங்களோடு சேர்ந்து சுழலும் தட்டுகளான நான்கு டிஸ்க்குகளுக்குள்தான் போயாக வேண்டும். வார்ப்பிரும்பாலான அந்த நான்கு டிஸ்க்குகளும் சேர்ந்து 30 கிலோ எடை என்றால், வெப்பம் சிறிதும் வெளியேறாத நிலையில் அவற்றின் வெப்பநிலை 700 டிகிரிக்கு மேல் உயர்ந்துவிடும். நடைமுறையில் அவ்வளவு உயர்வதில்லை. டிஸ்க் சுழன்றுகொண்டே குளிர்ந்தும்கொண்டிருக்கிறது. ஆனால் வரவுக்கும் செலவுக்கும் இடையே எத்தனை நெருக்கடியான போட்டி நடக்கிறது என்பதை இந்த எண் காட்டிவிடுகிறது.

ஆர்வலர்கள் ஓட்டும் விதம் இந்தக் கணக்கை எப்படி மாற்றுகிறது என்பதுதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. சராசரியாகப் பார்த்தால், இரண்டு வளைவுகளுக்கு இடையே மலை கொடுக்கும் ஆற்றலில் எதிர்ப்புகள் போக மிஞ்சுவது சுமார் 150 கிலோ ஜூல். நிதானமாக இறங்குபவரின் பிரேக் ஒவ்வொரு வளைவுக்கும் அவ்வளவைத்தான் வாங்கிக்கொள்ளும். அதே இடைவெளியில் ஒருவர் ஆக்சிலரேட்டரை மிதித்து மணிக்கு 70 கிலோமீட்டரைத் தொட்டு, அடுத்த வளைவுக்கு முன் 20 கிலோமீட்டராகக் குறைத்தால், பிரேக்குக்குள் போவது 260 கிலோ ஜூல். கூடுதலாக வந்த 110 கிலோ ஜூலும் மலை கொடுத்தது அல்ல. அவருடைய இன்ஜின் பெட்ரோலை எரித்துக் கொடுத்தது. எழுபது வளைவுகளிலும் இப்படியே ஓட்டினால், ஒரு மலையை இறங்கி முடிக்கும் நேரத்தில் அவருடைய பிரேக் ஏறத்தாழ ஒன்றே முக்கால் மலையை இறங்கியிருக்கும். இன்ஜின் வலுவாக வலுவாக இந்த ஆசையும் கூடும். அதனால்தான் சாதாரணக் கார்கள் அமைதியாக இறங்கி முடித்த பாதையில் விலையுயர்ந்த கார்களின் சக்கரத்திலிருந்து கருகல் வாசனை வருகிறது.

அந்த வாசனை எங்கிருந்து வருகிறது என்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். டிஸ்க்கை இருபுறமும் அழுத்திப் பிடிக்கும் பிரேக் பேடு என்பது உலோகத் துகள்கள், இழைகள், கிராஃபைட் போன்ற பலவற்றைப் பீனாலிக் பிசினால் ஒட்டி அழுத்திய கட்டி. வெப்பம் அளவு மீறும்போது அந்தப் பிசின் சிதைந்து வாயுவாக வெளியேறுகிறது; பேடின் உராய்வுத் திறனும் குறைகிறது. காலுக்குக் கீழே பெடல் கல் போல உறுதியாக இருக்கும், ஆனால் வண்டியின் வேகம் குறையாது. இதைத்தான் பிரேக் ஃபேட் என்கிறார்கள்.

இதைவிட ஆபத்தானது இன்னொன்று. பெடலின் அழுத்தத்தைக் கடத்தும் பிரேக் ஆயில், பேடுகளை டிஸ்க்கின் மேல் அழுத்தும் காலிப்பருக்குள் கொதித்து ஆவிக்குமிழ்கள் உண்டானால், திரவத்தைப் போல அல்லாமல் ஆவி அமுங்கிவிடும் என்பதால், நாம் கொடுக்கும் அழுத்தம் முழுவதும் குமிழ்களை நசுக்குவதிலேயே போய், பெடல் பஞ்சு போலத் தரைவரை இறங்கிவிடும். பெரும்பாலான கார்களில் உள்ள பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. புதிதாக ஊற்றிய டாட் 4 வகை ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி இருக்க வேண்டும் என்பது தர விதி, 3.7 சதவீதம் நீர் சேர்ந்த பிறகு அதற்கு விதிக்கப்பட்ட கீழ் எல்லை 155 டிகிரிதான். மாதத்தில் இரண்டு ஞாயிறு மட்டும் ஓடி, மற்ற நாட்களில் போர்வைக்குள் நிற்கும் காருக்கு இது குறிப்பாகப் பொருந்தும். கிலோமீட்டர் ஓடவில்லையே என்று ஆயிலை மாற்றாமல் விடுகிறார்கள். ஆயிலுக்கு ஈரம் சேர்வதோ கிலோமீட்டரால் அல்ல, காலத்தால்.

சேர்ந்த வெப்பத்தை வெளியேற்றுவதற்காகவே ஸ்போர்ட்ஸ் காரின் டிஸ்க் இரண்டு தட்டுகளாக, நடுவில் தடுப்புச் சுவர்கள் வைத்து வார்க்கப்பட்டிருக்கும். சக்கரம் சுழலும்போது அந்த இடைவெளிகள் மின்விசிறியைப் போல நடுவிலிருந்து காற்றை இழுத்து விளிம்பு வழியே வீசுகின்றன. செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே போன்ற 2.1 கிலோமீட்டர் பந்தயப் பாதையில், ஒவ்வொரு கடும் பிரேக்குக்கும் பிறகு வேகமான ஓட்டம் கிடைப்பதால் இந்த விசிறி நன்றாக வேலை செய்கிறது. கொண்டை ஊசி வளைவில் வண்டி ஊர்ந்து திரும்பும்போது விசிறியும் ஊர்கிறது. வெப்பம் மிக அதிகமாக வந்த கணத்திலேயே காற்று மிகக் குறைவாக இருப்பதுதான் மலைப்பாதையின் தனிச் சிக்கல். பந்தயப் பாதையில் நன்றாகத் தாங்கிய பிரேக் மலையிலும் தாங்கும் என்று எண்ணுவது இதனால்தான் தவறாகிறது.

கார்பன் செராமிக் டிஸ்க்குகள் இரும்பைவிட எடை குறைந்தவை, அதிக வெப்பத்திலும் உருக்குலையாதவை; ஆனால் அவற்றுக்குப் பின்னால் ஓடுவதும் அதே பிரேக் ஆயில்தான்.

இதற்கெல்லாம் தீர்வை நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரத்து லாரி ஓட்டுநர்கள் எத்தனையோ காலமாக ஒரே வரியில் சொல்லி வருகிறார்கள்: "ஏறுன கியர்லயே எறங்கோணுங்க." இதற்குப் பின்னால் நல்ல அறிவியல் இருக்கிறது. கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், இன்ஜினுக்குப் போகும் எரிபொருள் நின்றுவிடுகிறது. சக்கரங்கள்தான் இன்ஜினைச் சுழற்றுகின்றன. பெட்ரோல் இன்ஜினில் காற்று நுழையும் வாயில் மூடியிருப்பதால், பிஸ்டன்கள் ஒவ்வொரு முறையும் வெற்றிடத்தை எதிர்த்து இழுக்க வேண்டியிருக்கிறது. உள் உராய்வும் அதோடு சேர்கிறது. நாம் எடுத்துக்கொண்ட கார் மணிக்கு 40 கிலோமீட்டரில் இறங்கும்போது மலை கொடுக்கும் திறன் சுமார் 8 கிலோவாட். 1000 வாட் இஸ்திரிப்பெட்டிகள் எட்டை ஒரே நேரத்தில் போட்டதற்குச் சமம். இரண்டாவது கியரில் ஓடும் இரண்டரை லிட்டர் இன்ஜின் இதை முழுவதுமாகவே விழுங்கிவிடும். அந்த வெப்பம் இன்ஜினின் குளிரூட்டும் நீர் வழியாகவும் புகைக்குழாய் வழியாகவும் போய்விடுவதால், பிரேக்குக்கு வளைவுகளில் மட்டுமே வேலை மிஞ்சுகிறது. டீசல் இன்ஜினில் அப்படிக் காற்றை அடைக்கும் ஏற்பாடு பெரும்பாலும் இல்லை. அதனால்தான் லாரிகளுக்குப் புகைக்குழாயை அடைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக்கைத் தனியாக வைக்கிறார்கள். தானாகவே கியர் மாற்றிக்கொள்ளும் டூவல் கிளட்ச் வகைக் கார்களில் ஓட்டுநர் மேனுவல் நிலைக்கு மாற்றிக்கொள்வது நல்லது. தானியங்கி நிலையில் விட்டால் எரிபொருளை மிச்சப்படுத்தும் நோக்கில் அது உயர்ந்த கியருக்குப் போய்விடக்கூடும். நியூட்ரலில் விட்டால் மைலேஜ் கிடைக்கும் என்ற நம்பிக்கை இன்னும் பலரிடம் இருக்கிறது. நியூட்ரலில் இன்ஜின் தன்னை ஓட்டிக்கொள்ளவே எரிபொருளைக் குடிக்கும். கியரில் இறங்கும்போதோ அது ஒரு சொட்டும் குடிப்பதில்லை.

ஒரு ஞாயிறு மாலை, காரவள்ளியில் இறங்கிய ஒரு காரின் முன்சக்கரத்திலிருந்து நீலப் புகை வந்துகொண்டிருந்தது. அதை ஓட்டி வந்த இளைஞர் இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் திறந்துகொண்டு ஓடினார். அருகில் டயர் பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் கையை நீட்டித் தடுத்தார். "தம்பி, தண்ணிய ஊத்தீராதீங்க, இரும்பு வெடிச்சுப்போயிருமுங்க." அவர் சொன்னது சரி. கொதிக்கும் வார்ப்பிரும்பின் ஒரு பக்கம் மட்டும் சட்டென்று குளிர்ந்து சுருங்கினால், மற்ற பக்கம் அந்தச் சுருக்கத்துக்கு இணங்காமல் இழுக்க, டிஸ்க்கில் வெடிப்பு விழலாம். நின்றவுடன் ஹேண்ட்பிரேக்கை இழுப்பதும், பெடலை மிதித்தபடியே நிற்பதும் அதே போல நல்லதல்ல. சூடான பேடு தன் பொருளை டிஸ்க்கின் ஒரே இடத்தில் அப்பிவிடும். பிறகு ஒவ்வொரு முறை பிரேக் போடும்போதும் ஸ்டீயரிங் அதிரும். டிஸ்க் வளைந்துவிட்டது என்று பட்டறையில் சொல்லப்படும் பல அதிர்வுகள் இப்படி அப்பிய படலத்தால் வருபவையே.

பெரியவர் அவரை மறுபடியும் வண்டியில் ஏறச் சொன்னார். சேந்தமங்கலம் சாலையில் நான்கைந்து கிலோமீட்டர், பிரேக்கைத் தொடாமல், மிதமான வேகத்தில் ஓட்டிவிட்டு வரச் சொன்னார். சக்கரம் சுழன்றால் டிஸ்க்கின் உள்விசிறி சுழலும். நின்ற வண்டியில் டிஸ்க்கின் வெப்பம் மெல்ல மெல்லக் காலிப்பருக்கும் ஆயிலுக்கும் ஏறும். பெடல் கெட்டியாக இருக்கிறதா என்று முதலில் இரண்டு முறை மிதித்துப் பார்க்கச் சொல்லிவிட்டுத்தான் அனுப்பினார். கால் மணி நேரம் கழித்து அந்தக் கார் திரும்பி வந்தபோது புகை நின்றிருந்தது. இளைஞர் சமதரையில் ஓரமாக நிறுத்தி, முதல் கியரில் போட்டு, ஹேண்ட்பிரேக்கை இழுக்காமல் இறங்கினார். பெரியவர் பின்சக்கரத்துக்கு ஒரு கல்லை உருட்டி வைத்தார்.